வயிற்று எண்டோஸ்கோபி: சீட்டில் அச்சடிக்காத தவறுகள்

"நேத்து ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டது சார், தண்ணிகூடக் குடிக்கல." வாய்வழியாகக் கேமராக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோபி அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் இதைப் பெருமையாகவே சொல்வார்கள். "காஸ் மாத்திரை ஏதாவது போடறீங்களா?" என்று கேட்டால் அடுத்த பதிலும் தயாராக இருக்கும்: "அது தினமும் போடறதுதான். இன்னிக்கும் போட்டுட்டுத்தான் வந்தேன்."

வெறும் வயிறு, பல்செட், பழைய ரிப்போர்ட், கூட ஒரு ஆள் என்பதெல்லாம் மருத்துவமனை கொடுக்கும் சீட்டிலேயே இருக்கும். அவற்றை இங்கே திரும்ப எழுதப்போவதில்லை.

காஸ் மாத்திரையைப் போட்டுக்கொண்டே போவது

நாள்பட்ட வயிற்றெரிச்சலுக்கு எண்டோஸ்கோபி எழுதும்போது டாக்டர் தேடுகிற முக்கியமான ஆசாமி எச். பைலோரி என்ற கிருமி. இரைப்பைப் புண்ணுக்குக் காரமும் கவலையும்தான் காரணம் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் கிருமிமேல் பழியைப் போட்டார்கள். யாரும் காதில் வாங்கவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமி வளர்த்த கரைசலைத் தானே குடித்தார். சில நாளில் வாந்தி. எண்டோஸ்கோபியில் இரைப்பை அழற்சி. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு.

இந்தக் கிருமிக்கு அறையிலேயே செய்யும் சோதனை யூரியேஸ் சோதனை. குழாய் வழியாக இடுக்கி விட்டு, இரைப்பைச் சவ்வில் அரிசி நொய் அளவுக்குத் துணுக்கு எடுப்பார்கள். யூரியாவும் நிறங்காட்டியும் கலந்த மஞ்சள் ஜெல்லில் அதைப் போடுவார்கள். கிருமி இருந்தால் அதன் நொதி யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கும். மஞ்சள் இளஞ்சிவப்பாக மாறும். ஆனால் நிறம் மாறும் அளவுக்குக் கிருமி கூட்டமாக இருக்க வேண்டும்.

காஸ் மாத்திரை கெடுப்பது இந்த இடத்தில்தான். பான்டோப்ரசோல், ஒமெப்ரசோல், ரபெப்ரசோல் என்று 'ப்ரசோல்' வாலோடு வரும் மாத்திரைகள் அமிலத்தை அடக்கும்போது கிருமியின் எண்ணிக்கையும் சரியும். மிச்சமிருப்பவை இரைப்பையின் கடைப்பகுதியான ஆன்ட்ரத்தை விட்டு மேலே நகர்ந்துவிடும். துணுக்கு எடுப்பதோ பெரும்பாலும் ஆன்ட்ரத்தில். ஜெல் மஞ்சளாகவே நிற்கும், ரிப்போர்ட்டில் 'நெகட்டிவ்' என்று ஏறும்.

பிறகு நடப்பதுதான் எரிச்சல். கிருமிக்கான 14 நாள் ஆன்டிபயாட்டிக் கோர்ஸை யாரும் எழுத மாட்டார்கள். காஸ் மாத்திரையில் புண் ஆறும், மாத்திரையை விட்டதும் திரும்ப வரும். 'பைலோரி இல்லை' என்ற பழைய ரிப்போர்ட்டைப் பையில் வைத்துக்கொண்டே, மெடிக்கலில் மாதம் இரண்டு அட்டை வாங்கிக் காலத்தை ஓட்டி, கடைசியில் தார் மாதிரிக் கறுத்த மலத்தோடு அவசரப் பிரிவுக்கு வருகிறவர்கள் உண்டு. புற்றுநோய்ப் புண்கூட இந்த மாத்திரையில் மேலாக மூடிக்கொண்டு சாதாரணத் தழும்புபோலத் தெரியக்கூடும். குற்றம் நோயாளிமேல் மட்டும் இல்லை. 'வெறும் வயிறு' என்று கொட்டை எழுத்தில் அச்சடிக்கும் சீட்டில் மாத்திரையைப் பற்றி ஒரு வரி இருக்காது. அதே சீட்டின் பின்பக்கம் பான்டோப்ரசோல் 40 எழுதியிருக்கும்!

கணக்கு இதுதான். 'ப்ரசோல்' வகையை 2 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். அமிலத்தை அடக்கப் புதிதாக வந்திருக்கும் வோனோபிரசான் மாத்திரைக்கும் அதே 2 வாரம். ஆன்டிபயாட்டிக், பிஸ்மத் (இதுவும் ஒரு வயிற்று மருந்து) இரண்டுக்கும் 4 வாரம். பல்வலிக்குப் போட்ட அமாக்ஸிசிலினும் வயிற்றுப்போக்குக்குப் போட்ட மெட்ரோனிடசோலும் இந்தக் கணக்கில் சேரும். பெயருக்குப் பின்னால் 'டி', 'டிஎஸ்ஆர்' என்று வரும் கேப்ஸ்யூல்களிலும் பெரும்பாலும் ஒரு ப்ரசோல் ஒளிந்திருக்கும்; அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். நிறுத்திய முதல் சில நாள் எரிச்சல் முன்பைவிடக் கூடும். அடக்கிவைத்த அமிலம் எகிறுவதுதான் அது. அந்த நாட்களை ஆன்டாசிட் சிரப்பை வைத்து ஓட்டலாம். சோதனையை அது கெடுக்காது.

இதில் விதிவிலக்கு உண்டு. சமீபத்தில் புண்ணில் ரத்தம் கசிந்தவர்கள், இதய மாத்திரையோடு பாதுகாப்புக்காக ப்ரசோல் போடுகிறவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது, எழுதிய டாக்டரைக் கேட்க வேண்டும். விழுங்கச் சிரமம், எடை இறக்கம், ரத்த வாந்தி இருந்தால் 2 வாரம் காத்திருக்கவே வேண்டாம், மாத்திரையோடே போங்கள். ஆனால் போட்டதைச் சொல்லிவிடுங்கள். தெரிந்தால் ஆன்ட்ரத்திலும் மேல்பகுதியிலும் துணுக்கு எடுப்பார்கள், நெகட்டிவ் வந்தாலும் பிறகு மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செய்து உறுதிப்படுத்துவார்கள்.

காபியைத் தண்ணீர்க் கணக்கில் சேர்ப்பது

பொதுவாகத் தண்ணீருக்கு 2 மணி நேரம், உணவுக்கு 6 மணி நேரம் இடைவெளி. உங்கள் மருத்துவமனை இதைவிடக் கூடச் சொன்னால் அதைக் கேளுங்கள். பால் சேர்ந்த எதுவும் உணவுதான். அமிலத்தில் பால் திரிந்து கட்டியாகும். குழாயின் உறிஞ்சும் துளை 3 மி.மீ.கூட இருக்காது, அடைத்துக்கொள்ளும். ஓங்கரிக்கும்போது மேலேறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா.

பல வருடச் சர்க்கரை நோயாளிகளுக்கு இரைப்பை மெதுவாகவே காலியாகும். நேற்றிரவு சாப்பிட்ட இட்லி காலையில் அப்படியே கிடக்கும். எடை குறைக்க செமக்ளூடைடு ஊசி போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். இரு தரப்பும் நேரம் வாங்கும்போதே சொல்ல வேண்டும். சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் அன்று காலை எப்படி என்பதையும் அப்போதே கேட்டு, முதல் ஆளாக நேரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரையைத் தானாக நிறுத்துவது

இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் 'ரத்தம் வந்துடுமே' என்று பயந்து ஒரு வாரம் முன்பே க்ளோபிடோக்ரெலை விட்டுவிடுகிறார். சிறு துணுக்கு எடுத்தால் வருவது சில சொட்டு. ஸ்டென்ட் அடைத்தால் மாரடைப்பு. பார்ப்பதற்கும் துணுக்கு எடுப்பதற்கும் ஆஸ்பிரினையோ க்ளோபிடோக்ரெலையோ நிறுத்தத் தேவையில்லை. வார்ஃபரின் போடுகிறவர்களுக்கு ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர் சோதனை முடிவு, அந்த வாரம் எடுத்தது, வரம்புக்குள் இருக்க வேண்டும். அபிக்ஸபான், ரிவராக்ஸபான் என்றால் அன்று காலை வேளையை மட்டும் விடச் சொல்வார்கள். பாலிப் எனும் சதை வளர்ச்சியை வெட்டுவதென்றால் கணக்கு வேறு.

தலையை அண்ணாந்துகொள்வது

1868இல் ஜெர்மனியில் அடால்ஃப் குஸ்மால் முதன்முதலில் இரைப்பைக்குள் விட்டது வளையாத குழாய். அதற்கு அவர் பிடித்த ஆள் கழுத்தை அண்ணாந்து வாள் விழுங்கும் வித்தைக்காரர். இன்றைய குழாய் வளையும், சுமார் 9 மி.மீ. தடிமன், சுண்டுவிரலைவிட மெலிது. இடப்பக்கமாகப் படுத்து, மோவாயை நெஞ்சுப் பக்கம் இறக்குங்கள். அண்ணாந்தால் மூச்சுக்குழலுக்குத்தான் பாதை திறக்கும். கசப்பான ஸ்ப்ரே அடித்ததும் தொண்டை தடித்து, விழுங்கவே முடியாதுபோல் இருக்கும், முடியும். குழாய் போவது உணவுக்குழலில் என்பதால் மூச்சுக்கு வழி திறந்தேதான் இருக்கும். மூக்கால் இழுத்து மெல்ல விடுங்கள். 5 முதல் 10 நிமிடம்.

எச்சிலை விழுங்குவது

வேண்டாம். வாயோரம் வழியட்டும், கன்னத்துக்கடியில் துணி இருப்பது அதற்குத்தான்.

ஏப்பம் விட்டு ஆறுதல் தேடுவது

இரைப்பை வெறுமையாக இருக்கும்போது மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருக்கும். காற்று ஊதி அதை விரித்தால்தான் மடிப்பிடுக்கு தெரியும். ஏப்பமாக வெளியே விட்டால் திரும்ப ஊதுவார்கள், நேரம்தான் நீளும். முடிந்தவரை அடக்குங்கள்.

தூக்க ஊசி போட்டுக்கொண்டு பைக்கில் திரும்புவது

24 மணி நேரம் வண்டியும் கூடாது, பத்திரத்தில் கையெழுத்தும் கூடாது. மிடசோலம் ஊசிக்குப் பிறகு டாக்டர் சொன்னது உங்களுக்கு நினைவிருக்காது. கூட வந்தவர் கேட்டுக்கொள்ளட்டும்.

'நார்மல்' என்றால் வயிறு முழுக்க நார்மல் என்று எடுத்துக்கொள்வது

குழாய் முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதிவரைதான் போகும். பித்தப்பைக் கல்லுக்கு ஸ்கேன் வேண்டும். கணையமும் பெருங்குடலும் இதில் தெரியாது. மறுபக்கம், 'ஆன்ட்ரல் கேஸ்ட்ரைட்டிஸ்' (ஆன்ட்ரத்தில் அழற்சி) என்ற வரியைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம். லேசான சிவப்புக்கும் அப்படித்தான் எழுதுவார்கள்.

வலி போனதும் மறு எண்டோஸ்கோபியை விடுவது

முதலில் கேட்க வேண்டியது: புண் எங்கே? முன்சிறுகுடலில் என்றால் மறுபடி பார்க்கத் தேவை பெரும்பாலும் வராது. இரைப்பையில் என்றால் விளிம்பைச் சுற்றிப் பல துணுக்கு எடுத்திருப்பார்கள், 6 முதல் 8 வாரம் கழித்து ஆறியதா என்று நேரில் பார்க்கக் கூப்பிடுவார்கள். வலி போவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மாத்திரையில் புற்றுநோய்ப் புண்ணின் வலியும் போகும். துணுக்கு எடுத்ததாலேயே புற்றுநோய் என்று அர்த்தமும் இல்லை. அந்தத் துணுக்கின் சோதனை (பயாப்சி) முடிவு எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டோடு வராது, சில நாள் கழித்துத் தனியாக வரும். வாங்க ஆள் வராமல் லேப் கவுன்ட்டரில் கிடக்கும் கவர்களில் உங்களுடையதும் ஒன்றா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.