மே மாதத்து சீட்டா, ஜூலை கவுன்சலிங் சீட்டா: முடிவெடுக்கும் முறை

காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர் பக்கம் பிளஸ் டூ முடித்துப் பொறியியல் சேரப்போகும் பிள்ளை உள்ள வீடுகளில் வருஷா வருஷம் இதே இக்கட்டு. வி.ஐ.டி. போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகம் நுழைவுத் தேர்வு ரேங்க்கை வைத்து மே மாதவாக்கிலேயே சீட்டைக் கொடுத்துப் பணம் கட்டச் சொல்லிவிடும். அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கான கவுன்சலிங் ஜூலைக்குப் போய்விடும். அதனால் கவுன்சலிங்கில் என்ன கிடைக்கும் என்பதை முன்கூட்டியே கணித்துவிட வேண்டும்.

கட்-ஆஃப் 200க்கு. கணிதம் முழுசாக, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. 92, 88, 84 எடுத்திருந்தால் 92 + 44 + 42 = 178. பாகாயம் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரியோ, கிண்டியோ, நீங்கள் நினைக்கும் கல்லூரியில் உங்கள் பிரிவும் உங்கள் சமூக ஒதுக்கீடும் கடந்த மூன்று ஆண்டுகளில் எந்த மதிப்பெண்ணில், எந்த ரேங்க்கில் முடிந்தன என்று பாருங்கள். தேர்வு சுலபமாக இருந்த ஆண்டில் அதே 178க்கு ரேங்க் பின்னுக்குப் போகும். ரேங்க் பட்டியல் வந்த பிறகு ரேங்க்கை மட்டும் நம்புங்கள்.

பிள்ளை ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், மற்ற எதையும் யோசிப்பதற்கு முன் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டைப் பாருங்கள். அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரிச் சலுகையும் கவுன்சலிங் வழியாகப் போனால்தான். இது தெரியாமல் மே மாதமே வேறு இடத்தில் சேர்த்துவிட்டுக் கடன் வாங்கும் குடும்பங்களை நினைத்தால் மனசு பதறுகிறது.

அடுத்தது பணம். வி.ஐ.டி.யில் ஒரே பிரிவுக்கே ரேங்க்கைப் பொறுத்து ஐந்து கட்டண வகைகள் உண்டு. முதல் வகைக்கும் ஐந்தாம் வகைக்கும் பெரிய வித்தியாசம். எந்த வகை என்று தெரியாமல் ஒப்பிடவே முடியாது. விடுதி, மெஸ், பஸ் பாஸ் எல்லாம் சேர்த்து நான்கு வருஷத் தொகையை எழுதுங்கள். வீட்டிலிருந்தே போய் வர முடிகிற கல்லூரி என்றால் விடுதிச் செலவு மொத்தமும் மிச்சம். கடன் வாங்குவதானால் வட்டியையும் சேர்க்க வேண்டும். உதாரணத்துக்கு வருஷ ஆரம்பத்தில் 2 லட்சம் வீதம் நான்கு தவணை, 10 சதவீதத் தனிவட்டி என்று வையுங்கள். படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத் திருப்பிக் கட்டத் தொடங்கும்போது வட்டியே 2.8 லட்சம். ஆக 10.8 லட்சம். அதே 10 சதவீதத்தில், குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்று பத்து வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 14,270 ரூபாய் கட்ட வேண்டும். முதல் வேலையின் சம்பளத்தில் இது எவ்வளவு பங்கு என்று பாருங்கள்.

பெயரை விட்டுவிட்டுத் துறையைப் பாருங்கள். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காகக் கல்லூரி கொடுத்த விவர அறிக்கை கல்லூரியின் இணையதளத்திலேயே இருக்கும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் நான்கே வருஷத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, நடுமட்டச் சம்பளம் (பாதிப் பேர் இதற்கு மேல், பாதிப் பேர் கீழ்) என்ன என்பதெல்லாம் அதில் வரும். பேனரில் போடும் ‘உச்ச பேக்கேஜ்’ ஒரே ஒரு மாணவருடையது. ‘ஆஃபர்’ எண்ணிக்கையும் ஏமாற்றும். ஒருவருக்கு மூன்று கம்பெனி கிடைத்தால் மூன்றாகக் கணக்கு. அந்த அறிக்கை எல்லாத் துறைகளுக்கும் சேர்த்தது என்பதால், உங்கள் பிரிவில் மட்டும் எத்தனை மாணவர்களுக்கு வேலை கிடைத்தது என்று தனியாகக் கேளுங்கள்.

தர அங்கீகாரம் இரண்டு வகை: என்.ஏ.ஏ.சி. கொடுப்பது கல்லூரிக்கு, என்.பி.ஏ. கொடுப்பது ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி. உங்கள் பிரிவுக்கு இருக்கிறதா, எந்தத் தேதி வரை செல்லும் என்று என்.பி.ஏ. தளத்திலேயே தேடுங்கள். புதிதாகத் தொடங்கிய ஏ.ஐ., டேட்டா சயின்ஸ் பிரிவுகளில் இன்னும் ஒரு பேட்ச்கூடப் படித்து வெளியேறவில்லை என்றால், என்.பி.ஏ. இல்லாதது குறையல்ல. அங்கே பாடம் எடுப்பவர்கள் யார், எந்தத் துறையிலிருந்து வந்தார்கள் என்று விசாரியுங்கள்.

நேரில் போவதானால் வகுப்பு நடக்கும் சாதாரண நாளில் போங்கள். மெக்கானிக்கல் ஒர்க்‌ஷாப்பில் லேத்துக்கு அடியில் சுருள் சுருளாக இரும்புச் சீவல் கிடந்து எண்ணெய் வாடை அடித்தால் மிஷின் ஓடுகிறது. மேலே போட்ட உறையில் தூசி படிந்திருந்தால் ஓடவில்லை. மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம், ஒரு லேப் செட்டுக்கு எத்தனை பேர் நிற்கிறீர்கள் என்று கேளுங்கள். இரண்டு மூன்று பேர் என்றால் கை பழகும். ஆறு பேர் என்றால் நாலு பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள்.

மே மாத சீட்டைக் கட்டி வைத்துக்கொண்டு கவுன்சலிங்கிலும் கலந்துகொள்ளலாம். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. ஆண்டுதோறும் அறிவிக்கும் கடைசித் தேதிக்குள் விலகினால் கட்டிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். பிடித்தாலும் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்த கையோடு கேட்டு வாங்கிவிடுங்கள். அவற்றை நிறுவனம் வைத்துக்கொள்ள விதியில் இடமில்லை.

கவுன்சலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கும் விருப்பப் பட்டியலில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘கிடைக்காது’ என்று நினைத்து நல்ல கல்லூரியைக் கீழே போட்டால், மேலே போட்டது கிடைத்த உடனே தேடல் நின்றுவிடும். உண்மையான ஆசை வரிசையில் போடுங்கள், ஐந்தாறோடு நிறுத்தாதீர்கள். மே மாத சீட்டைவிடப் பிடிக்காத எதையும் பட்டியலில் சேர்க்க வேண்டாம். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ‘ஏற்கிறேன், மேலே கிடைத்தால் மாற்றவும்’ என்று கொடுத்தால், மேலே கிடைத்த நொடியில் பழைய சீட்டு போய்விடும், திரும்ப வராது. ஒதுக்கீட்டு ஆணை கைக்கு வந்து, அந்தக் கல்லூரியில் கட்டணம் கட்டி ரசீது வாங்கிய பிறகே மே மாத சீட்டுக்கு விலகல் கடிதம் அனுப்புங்கள். மின்னஞ்சலிலேயே அனுப்பி, தேதியோடு ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.