ஜி.ஐ. பைப்பில் ராடு வைக்கும் முன்

திருச்சி துவாக்குடிப் பக்கம் கேட், கிரில் அடிக்கும் பட்டறையில் எனக்கு இருபத்திரண்டு வருஷம். புதுப் பையன் வந்தால் வெல்டிங் ராடைப் பிடிக்கும் ஹோல்டரைக் கொடுக்கும் முன் ஒன்றுதான் கேட்பேன்: "தம்பி, புகை எந்தப் பக்கம் போகுது?"

நான் அதைப் பார்க்காமல் பட்டவன். மழை என்று ஷட்டரை இறக்கிவிட்டு, தண்ணீர்த்தொட்டி ஸ்டாண்டுக்காக நாள் முழுக்க ஜி.ஐ. பைப்பில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில், வெல்டிங் அடித்தேன். சாயங்காலம் நாக்கில் செம்புக் காசு வைத்தது போல ஒரு ருசி. ராத்திரி உடம்பு தூக்கிப் போட்டது. வீட்டில் மலேரியா என்று பயந்தார்கள். மறுநாள் பொழுது சாய்வதற்குள் ஒன்றுமே நடக்காதது போல எழுந்துவிட்டேன்.

பைப்பின் மேல் இருக்கும் துத்தநாகப் பூச்சு 907 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருகக் கிட்டத்தட்ட 1,500 வேண்டும். அந்த வெள்ளைப் புகைதான் காய்ச்சல் தருவது. தினமும் இழுத்தால் உடம்பு பழகிக்கொள்ளும், ஞாயிறு லீவில் அந்தப் பழக்கம் போய்விடும். அதனால் திங்கட்கிழமைதான் அதிகம் படுப்பார்கள்.

சரி, என்ன செய்வது? ஜாயின்ட்டின் இரண்டு பக்கமும் ஓரிரு அங்குலம் பூச்சைக் கிரைண்டரில் எடுத்துவிடுங்கள், அப்போதும் மாஸ்க் வேண்டும். சாமானை ஸ்டாண்டில் உயர்த்தி வையுங்கள். தரையில் போட்டுக் குனிந்தால் மூஞ்சி நேராகப் புகைக்கு மேலேதான் இருக்கும். முடிந்தால் வாசலுக்கு வெளியே அடியுங்கள். உள்ளே என்றால் ஃபேன் பக்கவாட்டில் இருந்து புகையைத் தள்ள வேண்டும். துண்டு கட்டிக்கொள்வது சும்மா மனத்திருப்திக்கு. என்95 போடுங்கள், ஆனால் தாடி இருந்தால் இடுக்கு வழியே புகை போகும். புகைக்கு மாற்று என்று சாப்பிடும் வெல்லமும் பாலும் வயிற்றுக்குத்தான் போகும், புகை போவது நுரையீரலுக்கு.

எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) வேலையில் இந்தக் காய்ச்சல்கூடப் பெரும்பாலும் வராது, அதுதான் ஆபத்து. அதன் புகையில் குரோமியமும் நிக்கலும் உண்டு. வெல்டிங் புகை எதுவானாலும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வகைப்படுத்திவிட்டது. வெள்ளி ராடு வைத்துப் பற்றவைப்பவர்கள் கேட்மியம் என்ற நச்சு உலோகம் இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். கேட்மியம் புகையும் முதலில் சாதாரணக் காய்ச்சல் போலத்தான் தொடங்கும், அப்புறம் ஆளையே சாய்த்துவிடும்.

ஒருநாள் கழித்தும் மூச்சு வாங்கினால் காத்திருக்காதீர்கள். டாக்டரிடம் வெறும் காய்ச்சல் என்று சொல்லாமல், என்ன பைப், என்ன ராடு, கதவு மூடியிருந்ததா என்பதையும் சொல்லுங்கள்.