கீசர் சுடவில்லையா? கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதும், தேவைப்பட்டால் மாற்றுவதும்

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மார்கழிக் காலையில் அம்மா போன் செய்து, "லைட் எரியுதுப்பா, தண்ணி மட்டும் சுடவே மாட்டேங்குது" என்றார்கள். தாம்பரம் பக்கம் வீடு, முழுக்க போர் தண்ணீர். கடையில் விசாரித்தால், "ஏழு வருஷம் ஆச்சா? புதுசு மாத்திடுங்க" என்று பதில் வந்ததாம். நான் போய்க் கழற்றிப் பார்த்தேன். கெட்டிருந்தது தண்ணீரைச் சுடவைக்கும் காயில் மட்டும்தான். ஆயிரம் ரூபாய்க்குள் வேலை முடிந்தது. இந்த வருடம் அதே கீசரின் உள்தொட்டியே ஓட்டை விழுந்துவிட்டது. அப்போது மாற்றாமல் வேறு வழியில்லை. எது ரிப்பேர், எது மாற்றவேண்டியது என்று உங்களுக்கே தெரிந்துவிட்டால் பணமும் மிச்சம், ஆபத்தும் குறைவு. நம் வீடுகளில் அதிகம் இருக்கும் 10, 15, 25 லிட்டர் தொட்டி கீசருக்கான விளக்கம் இது. கேஸ் கீசர் வேறு விஷயம், அதில் நீங்களாகக் கை வைக்கவேண்டாம்.

கை வைப்பதற்கு முன்

சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். சில வீடுகளில் வயரிங் மாறி, சுவிட்ச் நியூட்ரலில் இருக்கும். அணைத்த பிறகும் கீசருக்குள் கரண்ட் இருக்கும். அதனால் எம்சிபியை (ஷார்ட் ஆனால் தானே விழுந்துவிடும் சுவிட்ச்) இறக்குங்கள், அப்புறம் பிளக்கையும் பிடுங்குங்கள். பிளக் இல்லாமல் நேராக வயர் கொடுத்திருந்தால் மெயினையே அணைத்துவிடுங்கள். தரை காய்ந்திருக்கட்டும், காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும்.

குளிக்கும்போது தண்ணீரிலோ குழாயிலோ லேசாக 'சுர்' என்று ஷாக் அடித்திருந்தால் நீங்கள் திறந்து பார்க்கவே வேண்டாம். காயிலில் கசிவும் இருக்கிறது, எர்த்தும் சரியில்லை என்று அர்த்தம். எலக்ட்ரீஷியன் வந்து எர்த்தைப் பார்க்கும் வரை அந்த பாத்ரூமில் யாரும் கீசரைப் போடக்கூடாது. வீட்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்) இல்லையென்றால் அவரிடம் சொல்லி அதையும் போட்டுவிடுங்கள். இதில் தள்ளிப்போடவே கூடாது என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

தேவையான சாமான்கள்: ஸ்க்ரூடிரைவர், ஸ்பேனர், டெஃப்லான் டேப், ஒரு பெரிய பக்கெட், சாதாரண மல்டிமீட்டர். டெஸ்டரை மட்டும் நம்பிக் கை வைக்காதீர்கள். அது எரியாததால் கரண்ட் இல்லை என்று ஆகிவிடாது.

என்ன கோளாறு?

*விளக்கே எரியவில்லை.* முதலில் பிளக்கைப் பாருங்கள். 2000 வாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பெரிய பிளக் கொஞ்சம் லூசாக இருந்தாலும் நாளடைவில் பின் கறுத்து, சாக்கெட் உருகிவிடும். கருகிய வாடை வந்தால் பிளக், சாக்கெட் இரண்டையும் மாற்றுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கீசரை மாட்டவே கூடாது.

பிளக் நன்றாக இருந்தால் அடுத்து கட்அவுட். கீசரின் அடிமூடியைக் கழற்றினால் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் தெரியும். பல மாடல்களில் அதன் நடுவில் சின்ன பட்டன் ஒன்று இருக்கும். தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் கட்அவுட் கரண்டைத் துண்டித்துவிடும். தண்ணீர் ஆறியபின் அந்தப் பட்டனை அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். ஒருமுறை அழுத்திச் சரியானால் நல்லது. இரண்டு நாளில் மறுபடியும் போய்விட்டால் தெர்மோஸ்டாட்டை மாற்றுங்கள். சும்மா அழுத்திக்கொண்டே இருப்பது தவறு.

*விளக்கு எரிகிறது, தண்ணீர் சுடவில்லை.* பெரும்பாலும் காயில் அறுந்திருக்கும். காயிலின் இரண்டு முனைகளிலும் இருக்கும் வயரைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துத் தொடுங்கள். 2000 வாட் காயில் 26 ஓம் அருகில் காட்டவேண்டும், 3000 வாட் என்றால் 17, 18. எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது.

*போட்டவுடன் டிரிப் ஆகிறது.* ஆர்சிசிபி விழுந்தால் கசிவு, எம்சிபி விழுந்தால் ஷார்ட் என்று வைத்துக்கொள்ளலாம். காயிலின் ஒரு முனைக்கும் கீசரின் உலோக உடம்புக்கும் இடையே மீட்டர் எதையும் காட்டக்கூடாது. ஏதாவது எண் வந்தால் காயிலின் மேலுறை வெடித்து உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. சில நேரம் மீட்டரில் எல்லாம் சரியாகத் தெரியும், ஆனால் போட்டு ஐந்து நிமிடத்தில் டிரிப் ஆகும். சூடேறும்போதுதான் விரிசல் திறக்கிறது. இதைப் பிடிக்க மெகர் (கசிவைச் சோதிக்கும் மீட்டர்) வேண்டும், எலக்ட்ரீஷியனிடம் இருக்கும்.

*சுடுகிறது, ஆனால் போதவில்லை.* 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 2000 வாட் கீசருக்கு 17 நிமிடம் போல ஆகும். 25 லிட்டருக்கு அரை மணி நேரம். ஐந்து நிமிடத்தில் குளிக்கப் போனால் கீசர் மேல் தப்பில்லை. முன்பு சுட்டது இப்போது இரண்டு மடங்கு நேரம் எடுக்கிறது, கூடவே உள்ளே 'கொட கொட' என்று சத்தம் வருகிறது என்றால் உப்பு படிந்திருக்கிறது. சுடுதண்ணீர் மட்டும் மெலிதாக வருவதற்கும் பல நேரம் இதே காரணம்தான்.

*சொட்டுகிறது.* எங்கிருந்து என்பதுதான் முக்கியம். சேஃப்டி வால்விலிருந்து சூடாகும் நேரத்தில் மட்டும் சொட்டினால் பயப்படாதீர்கள். தண்ணீர் சூடானால் விரியும். 15 லிட்டருக்கு ஒரு டம்ளர் அளவு கூடும், அது வெளியேற வேண்டுமே. அந்த வாயை அடைத்துவிடுவது பெரிய ஆபத்து. அடைத்துவைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். நாள் முழுக்க ஒழுகினால் வால்வை மாற்றுங்கள். காயில் மாட்டியிருக்கும் வட்டத் தட்டைச் சுற்றி ஈரம் இருந்தால் ரப்பர் கேஸ்கெட் போயிருக்கிறது. மேற்கூட்டுக்கும் உள்தொட்டிக்கும் நடுவிலிருந்து துருநிறத்தில் வழிந்தால் தொட்டி ஓட்டை. அதற்கு எம்-சீல் வைத்து ஒட்டுவதெல்லாம் நிற்காது.

சுருக்கமாக, காயில், தெர்மோஸ்டாட், கேஸ்கெட், வால்வ் எது போனாலும் ரிப்பேர் செய்யலாம். தொட்டி போனால் கீசரையே மாற்றவேண்டும். அதற்கு முன் வாரண்டி அட்டையைத் தேடுங்கள். தொட்டிக்கு மட்டும் தனியாகக் கூடுதல் வருடங்கள் கொடுத்திருப்பார்கள்.

காயில் மாற்றும்போது உள்ளே என்ன இருக்கும்

அம்மா வீட்டில் தொட்டியைக் காலி செய்துவிட்டு (எப்படி என்று கீழே சொல்கிறேன்) வட்டத் தட்டின் நட்டுகளைக் கழற்றி மெல்ல இழுத்தேன். காயில் வெளியே வரவே இல்லை. சுண்ணாம்பு பூசின மாதிரி விரல் தடிமனுக்கு வெள்ளை ஓடு. ஆட்டி ஆட்டி எடுத்ததும் பின்னாலேயே முட்டை ஓடு போன்ற சில்லுகள் பொலபொலவென்று கொட்டின. கையை விட்டு அள்ளியதில் ஒரு சொம்பு நிறைந்தது. அத்தனையையும் சுடவைத்த பிறகுதான் தண்ணீருக்கே சூடு போயிருக்கிறது!

காயில் நன்றாக இருந்து உப்பு மட்டும் இருந்தால், எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) வெந்நீரில் கரைத்து அதில் ஊறவையுங்கள். மின் இணைப்பு முனைகள் நனையக்கூடாது. கழிப்பறை ஆசிட் ஊற்றாதீர்கள், காயிலின் உறையை அரித்துவிடும். தட்டோடு சேர்ந்து ஒரு மெல்லிய கம்பியும் வரும், அது மெக்னீசியம் ஆனோடு. தொட்டியின் இரும்பு அரிக்காமல் இருக்கத் தன்னைத் தானே கரைத்துக்கொள்ளும் கம்பி அது. அம்மா வீட்டில் அது குச்சி மாதிரி இளைத்து நடுவில் ஒடிந்திருந்தது. அப்போதே புதியது போட்டேன், ஆனால் அதற்குள் அரிப்பு தொடங்கிவிட்டிருக்க வேண்டும். போர் தண்ணீர் வீடுகளில் வருடத்துக்கு ஒருமுறை இதைப் பார்ப்பது நல்லது. திரும்ப மாட்டும்போது பழைய கேஸ்கெட்டையே வைக்காமல் புதியது போடுங்கள். நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

புதிய கீசர் வாங்கும்போது

ஐ.எஸ். 2082 என்ற எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரை இருக்கவேண்டும். மின்சிக்கனத்தைக் காட்டும் பிஇஇ நட்சத்திரம் அதிகம் என்றால் சூடு வீணாவது குறைவு. மாடி உயரமோ பிரஷர் பம்போ இருக்கும் வீட்டுக்கு 8 பார் அழுத்தம் தாங்கும் தொட்டி வாங்குங்கள். சுவரில் பழைய கொக்கிகளின் இடைவெளியையும், பைப் இரண்டுக்கும் உள்ள இடைவெளியையும் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள், பாதி வேலை குறையும்.

பழையதைக் கழற்றி, புதியதை மாட்டுவது

1. எம்சிபி இறக்கி, பிளக் பிடுங்குங்கள். சூடான தண்ணீரைத் திறந்துவிட்டுக் காலி செய்யுங்கள், பைப்பில் வருவது பச்சைத் தண்ணீராகும் வரை.

2. கீசருக்குப் போகும் தண்ணீரை அடைக்கவும். குழாயில் தண்ணீர் நின்றுவிடும். ஆனால் தொட்டி காலியாகவில்லை! உள்ளே சுடுதண்ணீர் பைப் தொட்டியின் உச்சி வரை நிற்கிறது, கீழே இருப்பது அதன் வழியாக வராது. இதை அறியாமல் கழற்றி முழுக்க நனைந்தவர்கள் நிறையப் பேர்.

3. கீழே பக்கெட்டை வைத்து, நீல வளையம் உள்ள (பச்சைத் தண்ணீர் உள்ளே போகும்) பக்கத்து பைப்பையும் வால்வையும் கழற்றுங்கள். சிவப்பு வளையப் பக்கத்தையும் கழற்றினால்தான் காற்று உள்ளே போய்த் தண்ணீர் வேகமாக இறங்கும்.

4. இரண்டு பேராகத் தூக்கிக் கொக்கியிலிருந்து இறக்குங்கள். உப்பு அடைந்த பழைய கீசர் நினைப்பதைவிடக் கனக்கும்.

5. புதிய 15 லிட்டர் கீசர் தண்ணீரோடு ஏறக்குறைய 25 கிலோ வரும். பழைய கொக்கி ஆடினாலோ துருப்பிடித்திருந்தாலோ புதிய ஆங்கர் போல்ட் அடியுங்கள். பூச்சில் மட்டும் பிடித்திருக்கும் திருகில் தொங்கவிடாதீர்கள்.

6. கீசரோடு வந்த சேஃப்டி வால்வை நீலப் பக்கத்தில், அம்புக்குறி கீசரைப் பார்த்திருக்கும்படி மாட்டுங்கள். வால்வுக்கும் தொட்டிக்கும் நடுவில் வேறு குழாயோ அடைப்போ வரக்கூடாது. டெஃப்லான் டேப்பை மரையைத் திருகும் திசையிலேயே எட்டுப் பத்துச் சுற்று சுற்றுங்கள். சுடுதண்ணீர்ப் பக்கம் சாதாரண வெள்ளை பிவிசி பைப் போடாதீர்கள், இளகிவிடும். சிபிவிசி அல்லது வெந்நீர் தாங்கும் கனெக்ஷன் பைப்தான் சரி.

7. முதலில் தண்ணீர், அப்புறம்தான் கரண்ட். தண்ணீரைத் திறந்து, சுடுதண்ணீர்க் குழாயையும் திறந்து வையுங்கள். முதலில் காற்று 'புஸ் புஸ்' என்று வரும், விட்டு விட்டுத் தண்ணீர் தெறிக்கும். சீராக, காற்றில்லாமல் ஓடும் வரை காத்திருங்கள். தொட்டி காலியாக இருக்கும்போது சுவிட்ச் போட்டால் புதுக் காயில் நிமிடங்களில் கருகிவிடும்.

8. குழாயை மூடி, கால் மணி நேரம் விட்டுவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ பேப்பரால் துடைத்துப் பாருங்கள். பேப்பர் நனைந்தால் கால் சுற்று இறுக்குங்கள். காய்ந்திருந்தால் மட்டும் பிளக் போடுங்கள்.

9. ஆர்சிசிபியில் உள்ள டெஸ்ட் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள், உடனே விழவேண்டும். அப்புறம் கீசரைப் போட்டு, முதல் சூடு ஏறி விளக்கு அணையும் வரை பக்கத்திலேயே இருங்கள். வெந்நீரை முதலில் பக்கெட்டில் பிடித்துச் சூடு பாருங்கள். குழந்தைகளோ வயதானவர்களோ இருக்கும் வீட்டில் தெர்மோஸ்டாட்டை 50 டிகிரி அளவில் வைத்தால் போதும்.

மாட்டிய தேதியை மார்க்கரில் கீசரின் அடிமூடியிலேயே எழுதிவிடுங்கள். அம்மா வீட்டில் அதற்குக் கீழேயே ஆனோடு பார்க்கவேண்டிய மாதத்தையும் எழுதி வைத்திருக்கிறேன்.