சொகுசு ரயிலில் அப்பா அம்மாவை அனுப்பும் முன்

அப்பாவுக்கு எழுபது நிறைந்தபோது நாங்கள் பிள்ளைகள் மூவரும் பணம் போட்டு, அவரையும் அம்மாவையும் வடக்கே ஒரு சொகுசு ரயிலில் அனுப்பி வைத்தோம். நாலாம் நாள் காலை அம்மாவிடமிருந்து போன். "எல்லாம் நல்லாத்தான் இருக்குப்பா. ராத்திரிதான் கண்ணை மூட முடியல. அப்பாவுக்கு முட்டி வீங்கிப்போச்சு." ரயில்மேல் குற்றம் இல்லை. படங்களைப் பார்த்துப் பதிவு செய்தேனே தவிர, எந்த நாளில் எத்தனை மணிக்கு எங்கே என்கிற நிரலை நான் ஒருமுறைகூட ஊன்றிப் படிக்கவில்லை. இப்போது யார் வந்து கேட்டாலும் அரைமணி நேரம் உட்காரவைத்துப் பேசிவிட்டுத்தான் விடுகிறேன். அந்தப் பேச்சுதான் இது.

முதல் தவறு, இதை ரயில் பயணம் என்று நினைப்பது. ஜன்னலோரம் காபியோடு உட்கார்ந்து வயலும் மலையும் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்ற கற்பனை நம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் இந்த ரயில்கள் பெரும்பாலும் இரவில்தான் ஓடும். பகலில் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் நிற்கும், நீங்கள் பஸ்ஸில் ஏறி ஊர் பார்க்கப் போவீர்கள். ராஜஸ்தானைச் சுற்றும் பேலஸ் ஆன் வீல்ஸ் ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். புதன் மாலை டெல்லியில் கிளம்பினால் ஜெய்ப்பூர், ரணதம்பூர் காட்டுக்கான சவாய் மாதோபூர், சித்தூர்கட், உதய்பூர், ஜெய்சால்மர், ஜோத்பூர், பரத்பூர், ஆக்ரா என்று எட்டு ஊர். அடுத்த புதன் காலை மறுபடி டெல்லி. ஏழு இரவுக்கு எட்டு ஊர் என்றால், தினமும் விடியலில் எழுந்து, குளித்து, இறங்கி, நடந்து, ஏறி, மாலையில் களைத்துத் திரும்புவதுதான் நடைமுறை. ரணதம்பூரில் சஃபாரிக்காகப் பொழுது விடியும்போதே இறங்க வேண்டும். அதே நாளில் சித்தூர்க் கோட்டையும் இருக்கிறது. ஓய்வுக்காகப் போகிறவர்களுக்கு இது ஓய்வு இல்லை. ஊர் பார்க்கும் ஆசையும் காலில் தெம்பும் இருப்பவர்களுக்கு இதைவிட வசதியான வழி கிடையாது. தினம் ஒரு ஹோட்டல் மாறாமல், மூட்டை கட்டாமல், ராஜஸ்தானையே சுற்றிவிடலாம்.

இரவில் ஓடுகிறது என்பதால்தான் தூக்கம் ஒரு பிரச்சினையாகிறது. மெத்தை எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் ரயில் ஆடும், தண்டவாளம் மாறும்போது தடதடக்கும், நடுராத்திரி சடக்கென்று நிற்கும். இதைக் குறைக்க ஒரு வழி உண்டு, பதிவு செய்யும்போது கேட்கிறவர்கள் குறைவு. தெற்கே ஓடும் கோல்டன் சாரியட் என்ற சொகுசு ரயிலில் பொதுவாக ஒரு ரயில்பெட்டிக்கு நான்கு கேபின்கள். சக்கரத் தொகுதி பெட்டியின் இரு முனைகளின் அடியில் இருக்கிறது. அதனால் முனையில் உள்ள இரண்டு கேபின்களில் ஆட்டமும் சத்தமும் கூடுதல், நடுவில் உள்ள இரண்டில் குறைவு. "நடுக் கேபின் வேண்டும்" என்று முதலிலேயே எழுதிக் கேளுங்கள். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், ஆனால் கேட்காமல் கிடைக்காது. வயதானவர்களுக்கு ஒரே பெரிய கட்டிலைவிட இரண்டு தனிக் கட்டில்கள் உள்ள கேபின் நல்லது. ராத்திரி ஒருவர் பாத்ரூம் போக எழுந்தால் மற்றவர் தூக்கம் கெடாது. காதில் வைக்கப் பஞ்சோ இயர் பிளக்கோ கட்டாயம் கொடுத்தனுப்புங்கள்.

அரசர் படுத்த பெட்டியிலேயே படுக்கப்போகிறோம் என்ற எண்ணமும் பலருக்கு உண்டு. 1982 ஜனவரி 26 அன்று பேலஸ் ஆன் வீல்ஸ் முதலில் கிளம்பியபோது அது உண்மைதான். சமஸ்தானங்களின் பழைய பெட்டிகளையே அப்போது ஓட்டினார்கள். அது மீட்டர் கேஜ் என்ற குறுகிய பாதையின் காலம். 90களில் பாதைகள் அகலப்பாதையானபோது ரயிலும் மாறியது. இன்று ஏறுவது அந்தப் பாணியில் அலங்கரித்த புதிய பெட்டிகளில். ஏசியும் இணைந்த குளியலறையும் இருப்பது இதனால்தான், எனவே இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. விளம்பரப் படத்தில் அகல லென்ஸில் எடுத்த அறையை நம்பி, வீட்டு ஹால் அளவு இடம் இருக்கும் என்று எதிர்பார்ப்பதுதான் பிரச்சினை. ரயில்பெட்டியின் அகலத்துக்குள்தான் கட்டில், அலமாரி, நடைபாதை எல்லாம் அடங்க வேண்டும். மகாராஜாஸ் எக்ஸ்பிரஸ் என்ற இன்னொரு சொகுசு ரயிலின் நவரத்னா சூட் மட்டும் ஒரு பெட்டியையே முழுதாக எடுத்துக்கொள்ளும், அதன் விலையும் அப்படித்தான். அம்மா கொண்டுபோன கெட்டிச் சூட்கேஸ் கட்டிலுக்கடியில் நுழையவே இல்லையாம், ஏழு நாளும் அதைத் தாண்டித் தாண்டித்தான் நடந்திருக்கிறார்கள். மடங்கும் துணிப் பைகளாக எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

சரி, பணம். இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், யாரும் ஏமாற்றாமலேயே.

இணையத்தில் போட்டிருக்கும் தொகையைப் பார்த்து "பரவாயில்லையே" என்று தோன்றினால், அது எதற்கான தொகை என்று நிதானமாகப் பாருங்கள். பல நேரம் அது ஒருவருக்கு, ஒரு இரவுக்கு, அதுவும் இருவர் ஒரே கேபினில் தங்கினால் மட்டும். ஏழு இரவு, இரண்டு பேர் என்றால் அந்தத் தொகையைப் பதினான்கால் பெருக்க வேண்டும். அப்புறம் ஜிஎஸ்டி. தனியாகப் போகிறவருக்குப் பாதிக் கட்டணம் என்று நினைத்துவிடாதீர்கள், ஒருவர் கேபினை முழுதாக எடுத்தால் கூடுதல் தொகை வரும். டாலரில் ஒரு கட்டணம், இந்தியர்களுக்கு ரூபாயில் ஒரு கட்டணம் என்று இரண்டு பட்டியல் இருந்தால், யார் எதற்குத் தகுதி, என்ன அடையாளம் காட்ட வேண்டும் என்று கேளுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட பிள்ளைகள் பெற்றோரோடு சேர்ந்து போகும்போது இது முக்கியம்.

கட்டணத்துக்குள் பொதுவாகத் தங்குவது, சாப்பாடு, பஸ், கைடு, நுழைவுச்சீட்டு எல்லாம் அடங்கிவிடும். சலவை, ஸ்பா, உயர்ரக மது, டிப்ஸ், டெல்லிக்கோ மும்பைக்கோ போய்ச்சேரும் விமானச் செலவு ஆகியவை வெளியே. டிப்ஸைச் சின்ன விஷயமாக விடாதீர்கள். கேபினைக் கவனிக்கும் உதவியாளர் ஒரு வாரம் பூராவும் விடியற்காலை டீயிலிருந்து இரவு படுக்கை விரிப்பு வரை கூடவே இருப்பார். கடைசி நாளில் கையில் சில்லறை இல்லாமல் நிற்பது இரு பக்கமும் சங்கடம். கொஞ்சம் ரொக்கத்தைத் தனி உறையில் போட்டு முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

பழைய பட்டியலை நம்புவதும் பணத்தோடு சேர்ந்த தவறுதான். 2009-ல் தொடங்கிய ராயல் ராஜஸ்தான் ஆன் வீல்ஸ் இப்போது அந்தப் பெயரில் ஓடுவதில்லை, ஆனால் "இந்தியாவின் சொகுசு ரயில்கள்" என்று எழுதுகிறவர்கள் இன்னும் அதைச் சேர்த்து எழுதுகிறார்கள். 2008-ல் வந்த கோல்டன் சாரியட் இடையில் சில காலம் ஓடாமல் இருந்துவிட்டுப் பிறகு ரயில்வேயின் ஐஆர்சிடிசி நிறுவனத்தின் வசம் வந்தது. மகாராஷ்டிரத்தின் டெக்கான் ஒடிசி ரயில் கொரோனாவில் நின்று 2023-ல்தான் திரும்பவும் கிளம்பியது. அதனால் இந்த ஆண்டுக்கான தேதிப் பட்டியலை ஐஆர்சிடிசி அல்லது அந்தந்த மாநிலச் சுற்றுலாக் கழகத்தின் தளத்தில் பார்த்துவிட்டு, பிறகு ஏஜென்டிடம் பேசுங்கள். போதிய ஆட்கள் சேராவிட்டால் ஒரு தேதியையே ரத்து செய்வதும் உண்டு. ரயில் உறுதியாகும் முன்பே பணம் திரும்பாத விமான டிக்கெட்டை எடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள். ரத்து விதிகளை எழுத்தில் வாங்குங்கள்.

"சுற்றுலா ரயில்" என்றாலே சொகுசு ரயில் என்று குழப்பிக்கொள்வதும் நடக்கிறது. 2022 ஜூனில் கோயம்புத்தூரிலிருந்து ஷீரடிக்கு முதல் பாரத் கௌரவ் ரயில் கிளம்பியது நினைவிருக்கும். அந்த வகை ரயில்கள் நல்ல ஏற்பாடுதான், கட்டணமும் கையைக் கடிக்காது. ஆனால் அவை வழக்கமான ஸ்லீப்பர், ஏசி பெட்டிகளில் போகும் யாத்திரை. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் ஏதோ ஒன்றில் ஏமாற்றம்தான்.

தேதி பார்ப்பதற்கு வருகிறேன். இந்த ரயில்களின் பருவம் ஏறத்தாழ செப்டம்பர், அக்டோபரில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. ஆரம்பத்திலும் கடைசியிலும் கட்டணம் குறைவாக இருந்தால் உடனே பாயாதீர்கள். ரணதம்பூரின் மையப் பகுதி ஜூலை முதல் செப்டம்பர் முடியும்வரை மூடியிருக்கும். பரத்பூரின் கேவலாதேவ் சரணாலயத்துக்கு வெளிநாட்டுப் பறவைகள் வந்து நிறைவது குளிர்காலத்தில். ஏப்ரலில் ஜெய்சால்மர் மணல்மேட்டில் பகல் வெயில் பெரியவர்களைப் படுக்கவைத்துவிடும். டிசம்பர், ஜனவரி நல்ல காலம்தான், ஆனால் டெல்லி, ஆக்ரா பக்கம் மூடுபனி. ரயில் மணிக்கணக்கில் தாமதமாகலாம், தாஜ்மகாலைப் பக்கத்தில் போய்த்தான் பார்க்க முடியும். இறங்கும் நாளிலேயே சென்னைக்கோ மதுரைக்கோ விமானம் போட்டுவிட்டுத் தவிக்காமல், ஒரு இரவு டெல்லியில் தங்கும்படி வையுங்கள்.

அப்படிக் கூடுதலாக ஒரு நாளைச் சேர்த்துக்கொண்டு நீங்களாக ஊர் பார்க்கப் போனால் விடுமுறை நாளைப் பாருங்கள். தாஜ்மகால் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். மகாராஷ்டிரப் பக்கம் அஜந்தாவுக்குத் திங்கள், எல்லோராவுக்குச் செவ்வாய் விடுமுறை. ரயிலின் நிரலில் இதெல்லாம் பார்த்துத்தான் அமைத்திருப்பார்கள், நாமாகச் சேர்க்கும் நாளில்தான் இடிக்கும்.

குளிரை நம் ஊர்க்காரர்கள் எப்போதும் குறைத்தே எடைபோடுகிறார்கள். ஜனவரி விடியலில் ரணதம்பூரில் திறந்த ஜீப்பில் உட்கார்ந்தால், மார்கழிக்குப் போர்த்தும் சால்வை ஒன்றுக்கும் உதவாது. ஸ்வெட்டர், குல்லாய், கையுறை, சாக்ஸ் எல்லாமே வேண்டும். புலி தெரியாமலும் போகலாம், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முட்டிவலிக்காரர்களுக்கு ஒவ்வொரு நாளும் எவ்வளவு நடை, எத்தனை படி என்று ஏஜென்டிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். ஜெய்சால்மர் கோட்டைக்குள் மக்கள் குடியிருக்கிறார்கள். குறுகிய சந்து, சாய்வான கல்பாவிய ஏற்றம். ஜோத்பூர் மெஹ்ரான்கட்டில் லிஃப்ட் இருக்கிறது, கேட்டால்தான் தெரியும். சித்தூர் பரந்த கோட்டை, ஆனால் உள்ளேயே வண்டி போகும். முடியாத நாளில் ரயிலிலேயே இருந்துவிடலாமா, அப்போது ஏசி ஓடுமா, வண்டியை யார்டுக்குத் தள்ளிவிடுவார்களா, மதியச் சாப்பாடு வருமா? இந்த நாலு கேள்விக்கும் பதில் வாங்காமல் பெரியவர்களை அனுப்பாதீர்கள். மாத்திரைகளைக் கூடுதல் ஐந்து நாளுக்குக் கொடுத்துவிடுங்கள். சர்க்கரை, உப்பு, சைவம், வெங்காயம் பூண்டு இல்லாமல் என்பதையெல்லாம் பதிவின்போதே எழுதுங்கள். ஓடும் ரயிலின் சின்ன அடுப்படியில் கடைசி நேரத்தில் புதிதாக ஒன்றைச் செய்துதரச் சொல்வது அவர்களுக்கும் கஷ்டம்.

டெல்லியில் பேலஸ் ஆன் வீல்ஸ் கிளம்புவது சப்தர்ஜங் ஸ்டேஷனிலிருந்து, புது டெல்லி ஸ்டேஷனிலிருந்து அல்ல. டாக்சிக்காரரிடம் பெயரைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஐஆர்சிடிசியின் புத்த யாத்திரை ரயிலில் போகிறவர்களுக்கு வேறொரு எச்சரிக்கை: அதில் பார்க்கும் லும்பினி, புத்தர் பிறந்த இடம், நேபாளத்தில் இருக்கிறது. இலங்கையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வருபவர்களிடம் ஒருமுறை மட்டும் நுழையும் இந்திய விசா இருந்தால் எல்லையில் திரும்பி வர முடியாது, இருமுறை நுழையும் விசா வேண்டும். இந்தியர்கள் ஆதாரை மட்டும் நம்பாமல் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ கொண்டுபோக வேண்டும்.

கடைசியாக, முதல்முறையே ஏழு இரவுக்குப் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மகாராஜாஸ் எக்ஸ்பிரஸிலும் கோல்டன் சாரியட்டிலும் மூன்று இரவுப் பயணங்களும் உண்டு. வடக்கின் குளிரும் நெடுந்தூரமும் வேண்டாம் என்றால் பெங்களூரிலிருந்து கிளம்பும் கோல்டன் சாரியட்டே நமக்குப் பக்கம். பெட்டிகளுக்குக் கடம்பர், ஹொய்சளர், ராஷ்டிரகூடர் என்று அரச மரபுகளின் பெயர், சாப்பாட்டு அறைகளில் ஒன்றுக்கு ருசி என்று பெயர். தயிர்சாதமும் ரசமும் அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்பா அடுத்து அதில்தான் போகலாம் என்கிறார். நடுக் கேபின், தனித்தனிக் கட்டில் என்று இந்த முறை அவரே ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுத்திருக்கிறார்.