சிம்ஸ் 4: எதை மொட்டாகப் போடுவது, எதைக் காசு கொடுத்து வாங்குவது, எப்படிப் பழுதில்லாமல் ஓட்டுவது

வீடு கட்டிக் குடும்பங்களை வாழவைக்கும் கணினி விளையாட்டான சிம்ஸ் 4இன் அடிப்படை விளையாட்டு 2022 ஒக்டோபர் 18 முதல் இலவசம். செலவு அதற்குப் பிறகுதான் தொடங்கும்: கூடுதல் ஊர், பொருள், வசதி எல்லாம் பொதிகளாகத் தனித்தனியே விற்கப்படுகின்றன. பெரிய விரிவாக்கப் பொதி ஒன்றின் பட்டியல் விலை 39.99 டொலர், கேம் பொதி 19.99, ஸ்டஃப் பொதி 9.99. டொலர் 300 இலங்கை ரூபா என்று வைத்துக்கொண்டால் ஒரு பெரிய பொதிக்கே 12,000 ரூபா. 2015இல் வந்த கெட் டு வேர்க்கிலிருந்து எல்லாவற்றையும் வாங்க நினைத்தால், அந்தக் காசுக்கு நல்ல லப்டொப்பே வாங்கலாம்.

ஆகவே முதலில் வெறும் விளையாட்டை இரண்டு கிழமை விளையாடுங்கள். என்ன குறை என்று அப்போதுதான் தெரியும். அந்தக் குறையை மொட், அதாவது விளையாட்டை மாற்ற ரசிகர்கள் செய்து விடும் கோப்பு, தீர்க்குமா என்று பாருங்கள். தீர்க்காவிட்டால் மட்டும் பொதி.

எது எதைத் தீர்க்கும்? சிம்களின் (விளையாட்டில் வாழும் ஆட்களின்) நடத்தை, முதுமை, அயலவர் குடும்பங்களின் பெருக்கம், வேலை, பசி நித்திரை அளவு போன்றவை எல்லாம் மொட்டின் வேலை. எம்.சி. கொமான்ட் சென்டர், யூ.ஐ. சீட்ஸ் ஆகிய இரண்டு மொட்களே பலருக்குப் போதும். உடுப்பு, சேலை, தளபாடம், வேலி, கிணறு போன்றவை கஸ்டம் கொன்டென்ட், அதாவது ரசிகர்கள் செய்த பொருட்கள். இவையும் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் மழை, காலநிலை, புது ஊர், மாடு கோழி போன்றவற்றுக்கு மொட் ஈடாகாது. கிடுகு வேலி, விறாந்தை, மாட்டுக் கொட்டில் எல்லாம் வைத்து வன்னி வளவு ஒன்று கட்ட ஆசையென்றால், வேலியும் விறாந்தையும் இலவசமாக ஒப்பேறும். மாடும் கோழியும் வேண்டுமென்றால் 2021இல் வந்த கொட்டேஜ் லிவிங். மழை வேண்டுமென்றால் 2018இன் சீசன்ஸ். இந்த இரண்டுக்கு மேல் அந்த வளவுக்கு ஒன்றும் தேவையில்லை. கிட் என்ற மிகச் சிறிய பொதி வகையை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்: அதே அளவு நாற்காலியும் சட்டையும் இலவச கொன்டென்டில் கொட்டிக் கிடக்கின்றன.

இன்னொரு பொறி: சில மொட்களுக்கே பொதி தேவை. பதிவிறக்கும் முன் அந்த மொட்டின் பக்கத்தில் "பேஸ் கேம் கம்பற்றிபிள்" என்று இருக்கிறதா பாருங்கள். குறிப்பிட்ட பொதி ஒன்றின் பெயர் கேட்கப்பட்டிருந்து அது உங்களிடம் இல்லையென்றால் பொருள் கண்ணுக்கே தெரியாது, அல்லது உடுப்பு முழுக்கக் கேள்விக்குறியாக வரும்.

விளையாட்டு நிறுவனம் மொட் போடுவதை "ஆதரிக்கிறது" என்றால் எல்லா விளையாட்டிலும் ஒரே அர்த்தம் இல்லை. சிம்ஸ் 4இல் அதை வெளியிடும் ஈஏ நிறுவனம் மொட் போடும் ஃபோல்டரைத் திறந்து விட்டிருக்கிறது, 2022இல் கேர்ஸ்ஃபோர்ஜ் என்ற மொட் தளத்துடன் கூட்டும் சேர்ந்தது. ஆனால் எந்த மொட்டையும் அது சோதித்துத் தருவதில்லை. அந்த ஆண்டு வெளியிட்ட கொள்கைப்படி மொட்டை விற்க முடியாது. காசு தரும் ஆதரவாளர்களுக்குக் கொஞ்சக் காலம் முன்கூட்டிக் கொடுக்கலாம், பிறகு எல்லோருக்கும் இலவசமாக விடவேண்டும். ஆகவே நிரந்தரமாகக் காசுச் சுவருக்குப் பின்னால் நிற்கும் மொட்டுக்குக் காசு கட்டாதீர்கள், பொறுத்திருங்கள். ஸ்டார்டியூ வலி என்ற பண்ணை விளையாட்டில் காசுப் பொதி என்ற பேச்சே இல்லை. 2024இன் 1.6 பதிப்புக்கூட இலவசம்தான், மொட் போட ஸ்மாபி என்ற தனி ஏற்றி வேண்டும். சிம்ஸ் போன்ற இன்னொரு விளையாட்டான இன்சோய் தன் சொந்த மொட்கிட்டை (மொட் செய்யும் கருவியை) கொடுக்கிறது. ஆனால் அது குறைந்தபட்சமாகக் கேட்பது 12 ஜிபி ரேமும் ஆர்டிஎக்ஸ் 2060 கிராபிக்ஸ் அட்டையும் என்பதால் பெரும்பாலான பள்ளிக்கூட லப்டொப்களில் ஏறாது. அதே வகையான பாராலைவ்ஸ் விளையாட்டின் தயாரிப்பாளர்கள் காசுப் பொதி விற்கமாட்டோம் என்று அறிவித்திருக்கிறார்கள். இனிச் சிம்ஸ் 4ஐ மட்டும் பார்ப்போம்.

இறக்குவது

ஈஏ கேட்கும் டிஸ்க் இடம் குறைந்தது 26 ஜிபி, மொட்டுக்கும் சேவுக்கும் (விளையாட்டைச் சேமிக்கும் பைலுக்கும்) இன்னும் ஒரு ஜிபி. விநாடிக்கு 10 மெகாபிட் நிலையாகக் கிடைத்தால் 26 ஜிபிக்கு ஆறு மணித்தியாலம் அளவில் போகும். மாலை நேரத்தில் மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கம் அந்த வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம். இரவு டேட்டா உள்ள பக்கேஜ் என்றால் நள்ளிரவுக்குப் பிறகு போடுங்கள். ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடைச் செயலியில் செட்டிங்ஸ், டவுன்லோட்ஸ் பகுதியில் தானியங்கிப் புதுப்பிப்புக்கு நேர வரம்பு வைக்கலாம். வைக்காவிட்டால் பகல் டேட்டாவை ஒரே இருப்பில் குடித்துவிடும்.

நண்பர் ஒருவரிடம் ஸ்டீமில் விளையாட்டு ஏற்கெனவே இருந்தால் டேட்டா மிகக் கொஞ்சமே தேவை. இரண்டு கணினியையும் ஒரே ரவுட்டரில் இணைத்து, இரண்டிலும் ஸ்டீமில் உள்நுழைந்து, டவுன்லோட்ஸ் பகுதியில் உள்ளூர் வலையமைப்பு வழிக் கோப்புப் பரிமாற்றத்தை அனுமதியுங்கள். ஸ்டீம் முதலில் பக்கத்துக் கணினியிலிருந்துதான் எடுக்கும். ஈஏயின் சொந்தக் கடைச் செயலியான ஈஏ அப் என்றால் வேறு வழி: உங்கள் கணினியில் இன்ஸ்டோலைத் தொடங்கி, சில விழுக்காடு போனதும் நிறுத்தி, அப்பை முழுதாக மூடுங்கள். நண்பரின் விளையாட்டு ஃபோல்டரை ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுவந்து அதே இடத்தில் ஒட்டி, திரும்பத் தொடருங்கள். அப் கோப்புகளைச் சரிபார்த்துவிட்டு மிச்சத்தை மட்டும் இறக்கும்.

அடிப்படை விளையாட்டை எந்தக் கடையில் எடுத்தீர்களோ அதே கடையில்தான் பொதியும் வாங்கவேண்டும். ஸ்டீமில் விளையாடிக்கொண்டு ஈஏ அப்பில் பொதி வாங்கினால் அது ஸ்டீமில் தெரியாது. அடிக்கடி நடக்கும் தவறு இதுதான்.

மொட் போடுவது

டொக்யுமென்ட்ஸுக்குள் இலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ், அதற்குள் த சிம்ஸ் 4, அதற்குள் மொட்ஸ். இந்த ஃபோல்டரை விளையாட்டு முதற்தடவை ஓடும்போது தானே உருவாக்கும். வேறெங்கும் போட்டால் வேலை செய்யாது. விளையாட்டு இன்ஸ்டோல் ஆன ஃபோல்டருக்குள் போட்டுவிட்டுத் தலையைப் பிய்ப்பவர்கள் ஏராளம்.

முதலில் டொக்யுமென்ட்ஸ் ஒன்ட்ரைவுக்குள் இருக்கிறதா பாருங்கள். புது விண்டோஸ்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். இருந்தால் மொட்டும் சேவும் ஒவ்வொரு தடவையும் மேலே ஏறும், டேட்டா கரையும், விளையாட்டு எழுதும் நேரத்தில் ஒன்ட்ரைவ் பைலைப் பிடித்துவைத்துச் சேவ் பைலைக் கெடுக்கவும் கூடும். ஒன்ட்ரைவ் செட்டிங்ஸில் டொக்யுமென்ட்ஸின் பிரதியெடுப்பை நிறுத்துங்கள்.

மொட் இரண்டு வகைப் பைலாக வரும். பக்கேஜ் என்று முடிபவை பொருள், உடுப்பு, சிறு மாற்றம். இவற்றை மொட்ஸுக்குள் ஐந்து ஃபோல்டர் ஆழம் வரை அடுக்கலாம். டிஎஸ்4ஸ்கிரிப்ட் (.ts4script) என்று முடிபவை பைதன் நிரல். இவை மொட்ஸுக்குள் நேரே அல்லது ஒரேயொரு ஃபோல்டருக்குள் இருக்கவேண்டும், அதற்குக் கீழே போனால் ஓடாது. ஸிப்பாக வந்தால் பிரித்துத்தான் போடவேண்டும். ஆனால் டிஎஸ்4ஸ்கிரிப்ட் பைலைப் பிரிக்கக்கூடாது. ஃபோல்டர் பெயர்களை ஆங்கில எழுத்திலேயே வையுங்கள், குறியீடுகள் வேண்டாம்.

பிறகு விளையாட்டுக்குள் கேம் ஒப்ஷன்ஸ், அதர் பகுதியில் கஸ்டம் கொன்டென்டையும் மொட்டையும் அனுமதிக்கும் பெட்டி, ஸ்கிரிப்ட் மொட்டை அனுமதிக்கும் பெட்டி இரண்டையும் தட்டி, விளையாட்டை மூடித் திரும்பத் திறக்கவேண்டும். மூடாமல் பார்த்தால் ஒன்றும் மாறியிருக்காது.

ஒரு சீ.ஆர். கொப்பியில் மொட்டின் பெயர், பதிப்பு, எடுத்த தளம், தேதி எழுதி வையுங்கள். முப்பது மொட் சேர்ந்த பிறகு எது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. 8 ஜிபி ரேமும் தனி கிராபிக்ஸ் இல்லாததுமான லப்டொப் என்றால், விளையாட்டின் சொந்தப் பாணியிலேயே செய்த "மக்சிஸ் மட்ச்" வகைத் தலைமுடி உடுப்புகளை எடுங்கள். ஒவ்வொரு மயிரும் தனியாகத் தெரியும் "அல்ஃபா" வகை அழகுதான், ஆனால் ஏழு சிம் ஒரு வீட்டில் கூடினால் படம் இழுக்கும்.

ஸ்கிரிப்ட் மொட் உங்கள் கணினியில் நிரல் ஓட்டும் என்பதை மறக்கவேண்டாம். 2024 பெப்ரவரியில் மொட் தளங்களிலேயே, பிரவுசர் கடவுச்சொற்களைத் திருடும் ஸ்கிரிப்ட்கள் ஏற்றப்பட்டிருந்தன. அதற்குப் பிறகுதான் மொட்கார்ட் என்ற காவல் மொட் வந்தது. அதைப் போடுங்கள். அறியாத பெயரில் வரும் ஸ்கிரிப்டை ஒரு கிழமை கழித்து, மற்றவர்களின் கருத்தைப் பார்த்து எடுங்கள். எல்லாப் பொதியும் உள்ளே என்று பென்ட்ரைவில் விற்கும் பதிப்பு திருட்டு என்பது ஒருபுறம். அதில் புதுப்பிப்பு வராது, புது மொட் எதுவும் பொருந்தாது, கூட என்ன ஏறி வந்திருக்கிறது என்றும் தெரியாது.

புதுப்பிப்பு வந்த நாள்

விளையாட்டுக்குப் புதுப்பிப்பு வந்தால் மொட்கள் தானாகவே நிறுத்தப்படும். அவற்றை உடனே திரும்பத் தட்டுவதுதான் பெரும்பாலான பழுதுகளின் ஆரம்பம். 2023 மார்ச்சில் கைக்குழந்தைகள் வந்த புதுப்பிப்பு எண்ணற்ற மொட்களை ஒரே நாளில் முடக்கியது. பெரிய மாற்றம் எது வந்தாலும் இப்படித்தான்: நிரலின் அடி மாறினால் அதன்மேல் நிற்கும் ஸ்கிரிப்ட் விழும்.

புதுப்பிப்பை உங்கள் நேரத்துக்கு எடுங்கள். ஈஏ அப்பில் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிட்டு, மெனுவில் ஒஃப்லைனுக்குப் போய் விளையாடலாம். ஸ்டீமில் விளையாட்டைத் திறக்கும்போது மட்டும் புதுப்பிக்கும்படி வைத்து, ஒஃப்லைனில் திறக்கலாம். கொப்பியில் உள்ள ஸ்கிரிப்ட் மொட்களுக்குப் புதுப் பதிப்பு வந்த பிறகு, எல்லாவற்றையும் ஒரே இரவில் இறக்கிக்கொள்ளுங்கள். பழைய பைலை அழித்துவிட்டுத்தான் புதியதைப் போடவேண்டும். இரண்டு பதிப்பும் ஒன்றாகக் கிடந்தால் இரண்டுமே குழம்பும். பிறகு த சிம்ஸ் 4 ஃபோல்டரில் உள்ள லோக்கல்தம்ப்கஷ் (localthumbcache) பைலை அழியுங்கள். அது தற்காலிகப் பைல், திரும்ப உருவாகும்.

பழுதைப் பிடிப்பது

அறிகுறியே பாதி சொல்லிவிடும். திரையின் பொத்தான்கள் காணாமல் போனால் யூ.ஐ. சீட்ஸ் போன்ற மொட் பழையது. சிம் அசையாமல் நின்று திரும்பத் திரும்ப ரீசெட் ஆனால், அல்லது லாஸ்ட் எக்செப்ஷன் என்ற பைல் உருவாகியிருந்தால், ஸ்கிரிப்ட். தலை மொட்டையானால் தலைமுடி கொன்டென்ட்.

அப்படியும் தெரியாவிட்டால் பாதிப் பாதியாகப் பிரியுங்கள். மொட்ஸ் ஃபோல்டரை முழுதாக டெஸ்க்டொப்புக்கு நகர்த்தி, லோக்கல்தம்ப்கஷை அழித்து, விளையாட்டைத் திறவுங்கள். பழுது அப்போதும் இருந்தால் மொட்டில் குற்றமில்லை, அப்பில் ரிப்பேர் கொடுங்கள். பழுது போய்விட்டால் பாதி மொட்டைத் திரும்பப் போடுங்கள். பழுது வந்தால் குற்றவாளி அந்தப் பாதியில், வராவிட்டால் மற்றப் பாதியில். 64 பைல் இருந்தால் ஆறு சுற்றில் ஒன்றுக்கு வந்துவிடலாம். இரண்டு விஷயம் கவனம். எம்.சி. கொமான்ட் சென்டர் போல ஸ்கிரிப்டும் பக்கேஜும் சேர்ந்து வருபவற்றைப் பிரிக்காமல் ஒரே பாதியில் வையுங்கள். இரண்டு பாதியும் தனித்தனியே நன்றாக ஓடி, சேர்த்தால் மட்டும் பழுது என்றால் இரண்டு மொட் ஒன்றோடொன்று மோதுகிறது: ஒரே விஷயத்தை மாற்றும் இரண்டைத் தேடுங்கள். சோதனைக்குப் புதுக் குடும்பம் ஒன்றைப் பயன்படுத்துங்கள். நல்ல சேவ் ஒன்றை மொட் இல்லாமல் திறந்து சேமித்தால் கஸ்டம் பொருட்கள் அந்த வீட்டிலிருந்து போய்விடும்.

கரண்ட் போனால்

ஐப்பசி கார்த்திகையில் பின்னேர இடியோடு கரண்ட் போவது வழமை. யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப்பில், சேவ் ஆகிக்கொண்டிருக்கும் நேரத்தில் போனால் அந்தச் சேவ் திறக்காது. பயப்பட வேண்டாம். சேவ்ஸ் ஃபோல்டரில் ஒவ்வொரு சேவுக்கும் பின்னால் வெர்0 முதல் வெர்4 வரை ஐந்து பழைய பிரதிகள் இருக்கும். லோட் கேம் திரையில் அந்தச் சேவ் பைலைத் தெரிந்து "ரிக்கவர் சேவ்" என்பதைத் தட்டினால் அவற்றிலிருந்து எடுக்கலாம். அது உதவாவிட்டால் விளையாட்டை மூடி, ஃபோல்டர் முழுவதையும் வேறிடத்தில் பிரதியெடுத்துவிட்டு, கெட்ட சேவ் பைலை அகற்றி, வெர்0 பைலின் பெயரிலிருந்து அந்த வெர்0 பகுதியை மட்டும் நீக்குங்கள். விண்டோஸில் பைல் நீட்சிகள் தெரியும்படி முதலில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எதை மாற்றுகிறீர்கள் என்றே தெரியாது. வானம் இருண்டால் சேவ் அஸ் மூலம் வேறு பெயரில் சேமியுங்கள், பிளக்கைக் கழற்றுங்கள்.

பொதி வாங்கும் நாளில்

முழு விலைக்கு வாங்காதீர்கள். பழைய பொதிகள் அடிக்கடி பாதி விலைக்கு வரும். ஸ்டீம் விலையை டொலரில் காட்டும், இலங்கைக்குத் தெற்காசிய விலைப் பிரிவு ஒன்றும் வைத்திருக்கிறது. ஆகவே இரண்டு கடையையும் ஒப்பிட்டுவிட்டு அடிப்படை விளையாட்டை எங்கே வைத்துக்கொள்வது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். டெபிட் கார்ட் மறுக்கப்பட்டால் பெரும்பாலும் காரணம் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறக்கப்படாததுதான். வங்கியில் கேட்டுத் திறக்கவேண்டும், வங்கிக் கட்டணம் எவ்வளவு என்றும் கேளுங்கள். ஸ்டீமில் பொதியை வாங்கி 14 நாளுக்குள், வாங்கிய பிறகு விளையாட்டை இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக ஓட்டியிருந்தால் காசைத் திரும்பக் கேட்கலாம். ஆகவே வாங்கிய அன்றே சோதியுங்கள்.

சோதிக்கும்போது மொட் எதுவும் இல்லாமல், புது சேவில். பொதி ஏறிய பிறகு லப்டொப் இழுத்தால் அதை அழிக்கத் தேவையில்லை. லோஞ்ச் ஒப்ஷன்ஸில் ஒரு சிறு கோடு, இடைவெளியில்லாமல் டிசேபிள்பக்ஸ், முக்காற்புள்ளி, பொதிக் குறியீடு என்று (-disablepacks:EP05 போல) எழுதினால் அந்தப் பொதி மட்டும் ஏறாது. சீசன்ஸுக்குக் குறியீடு ஈபி05, கொட்டேஜ் லிவிங்குக்கு ஈபி11. எழுத்து எல்லாம் ஆங்கிலத்தில். அந்தப் பொதியின் பொருட்கள் உள்ள வீட்டை இந்த நிலையில் திறக்காதீர்கள், சேவின் பிரதியில் திறந்து பாருங்கள்.