பழைய யமஹா டிடி500: முதல் ஃப்ளாட் டிராக் வண்டியை நாமே கட்டலாம்

மண்ணில் நீள்வட்டமாக ஒரு ஓடுபாதை. கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்த்திசையில் ஓட்டம், அதனால் வளைவெல்லாம் இடப்பக்கம்தான். முன் சக்கரத்தில் பிரேக் கிடையாது. வளைவுக்குள் நுழையும்போது இரும்பு அடிப்பாகம் மாட்டிய இடது காலைத் தரையில் தேய்த்தபடி, பின் சக்கரத்தை வெளிப்பக்கம் வழுக்கவிட்டு ஓட்டுகிறார்கள். இதுதான் அமெரிக்காவின் ஃப்ளாட் டிராக் மோட்டார் சைக்கிள் பந்தயம். இல்லினாய் மாநிலத்து ஸ்ப்ரிங்ஃபீல்டு, ஒஹாயோவின் லைமா இரண்டும் இதற்குப் பேர்போன ஊர்கள். 1973, 1974-ல் தேசியப் பட்டம் வென்ற கென்னி ராபர்ட்ஸ், மண்ணில் பழகிய அந்த வழுக்கலைத் தார்ப்பாதைக்குக் கொண்டுபோய் 1978 முதல் 1980 வரை 500சிசி உலகப் பட்டத்தைத் தொடர்ந்து வென்றார். சென்னையின் ராயல் என்ஃபீல்டும் 2020-ல் ட்வின்ஸ் எஃப்டி வண்டியோடு அந்த அமெரிக்கப் போட்டியில் இறங்கியது.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் எஞ்சினில்தான் காசைக் கொட்டுகிறார்கள். வண்டி நேராக ஓடவில்லை என்றால் குதிரைத்திறன் எவ்வளவு இருந்தும் பயனில்லை. முதல் வண்டியில் எஞ்சினைத் தொடாதீர்கள். பணமும் நேரமும் சட்டத்துக்கும் (ஃபிரேம்) சக்கரத்துக்கும் போகட்டும்.

முதல் படி: எந்த வண்டி?

ஹார்லி எக்ஸ்ஆர்750 எல்லோருடைய கனவு. 1970-ல் வந்த அந்த வண்டி இன்று சேகரிப்பாளர்கள் கையில் இருக்கிறது, விலையும் அப்படியே. இரட்டை சிலிண்டர் யமஹா எக்ஸ்எஸ்650 கிடைக்கும், நன்றாகவும் ஓடும். ஆனால் கனமான வண்டி. வழுக்கக் கற்றுக்கொள்பவருக்கு அந்தக் கனம் எதிரி. என் தேர்வு 1976-ல் வந்த யமஹா டிடி500, இல்லையென்றால் அதன் சாலை வடிவமான எக்ஸ்டி500. 499சிசி ஒற்றை சிலிண்டர், 87 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 84 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்). குறைந்த வேகத்திலேயே நல்ல இழுவை. எஞ்சின் சுற்றும்போதே தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவில் ஓடுவதால் பேட்டரி வேண்டாம். இந்த எக்ஸ்டி500-ஐ வைத்துத்தான் சிரில் நெவ்யூ முதல் பாரிஸ்–டக்கார் பாலைவனப் பந்தயத்தை வென்றார், உழைப்பைப் பற்றிச் சந்தேகம் வேண்டாம்.

பழைய ட்ரையம்ஃப் மேல் ஆசை இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். 1970-களின் நடுப்பகுதி வரை அவற்றில் பின் பிரேக் இடது காலில் இருந்தது. இங்கே இடது கால் தரையில் இருக்கும், எனவே பிரேக்கை வலப்பக்கம் மாற்றியாக வேண்டும். டிடி500-இல் அந்த வேலை இல்லை.

வாங்குவதற்கு முன், நீங்கள் ஓடப்போகும் அமைப்பின் விதிப்புத்தகத்தைப் படியுங்கள். பழைய வண்டிகளுக்கான பந்தயங்களை அமெரிக்காவில் ஏஎச்ஆர்எம்ஏ என்ற அமைப்பு நடத்துகிறது. எந்த ஆண்டு வரையிலான எஞ்சின், என்ன சட்டம், என்ன டயர் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் விதி உண்டு. வண்டி கட்டி முடித்த பிறகு படித்தால் வீண் செலவு.

இரண்டாம் படி: கழற்றுவது

விளக்கு, ஹாரன், கண்ணாடி, ஸ்பீடோமீட்டர், ஸ்டாண்ட், பின்னால் உட்காருபவருக்கான ஃபுட்ரெஸ்ட், முன் பிரேக்கும் அதன் கேபிளும், எல்லாம் வெளியே. பந்தயத்துக்கு உதவாதது எதுவும் வண்டியில் இருக்க வேண்டாம்.

இனி வருவதை மெதுவாகப் படியுங்கள். இந்த வண்டியின் எஞ்சின் ஆயில் தனி டேங்கில் இல்லை, சட்டத்தின் குழாய்க்குள்ளேயே இருக்கிறது. தேவையில்லாத பிராக்கெட்டை கிரைண்டர் வைத்து அறுக்கும்போது குழாயையும் சேர்த்துக் கீறிவிட்டால் ஆயில் கசியும். கசிந்த ஆயில் பின் டயரில் பட்டால் ஆள் கீழே. ஆயில் இருக்கும் குழாயில் துளை போடவோ, ஆயிலை வடிக்காமல் வெல்டிங் வைக்கவோ கூடாது. பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பினால், சட்டத்துக்குள் போகும் எல்லா வாயையும் அடைத்து அனுப்புங்கள். உள்ளே தங்கும் மணல் பிளாஸ்டிங் துகள் ஒரு சிட்டிகை போதும், பேரிங்கைத் தின்றுவிடும். திரும்பி வந்ததும் மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கி, வெளியே வருவதை வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள். துணியில் கறுப்புப் பொடி விழாத வரை கழுவுங்கள்.

மூன்றாம் படி: சட்டத்தை நேராக்குவது

50 ஆண்டு ஆகப்போகும் வண்டி எங்கேயாவது விழுந்திருக்கும். ஸ்டியரிங் பேரிங், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் இரண்டையும் யோசிக்காமல் புதிதாகப் போடுங்கள். சக்கரங்களை மாட்டியதும், அச்சின் உயரத்தில் பின் டயரைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி, இரு முனையையும் முன் சக்கரம் தாண்டி விறைப்பாக இழுங்கள். முன் டயரின் இருபுறமும் நூலுக்கும் ரப்பருக்கும் உள்ள இடைவெளி சமமாக இருக்க வேண்டும். ஸ்விங் ஆர்மில் இருக்கும் பழைய கோட்டு அடையாளங்களை நம்ப வேண்டாம், நூலை நம்புங்கள். இடைவெளி சமமானதும் அந்த இடத்தில் உளியால் புதிய அடையாளம் வையுங்கள்.

நான்காம் படி: சக்கரமும் டயரும்

டிடி500 முன்னால் 21 அங்குலம், பின்னால் 18 அங்குல ரிம்மோடு வரும். ஃப்ளாட் டிராக்குக்கு இரண்டும் 19. பழைய ஹப்பையே வைத்துப் புது ரிம், புது ஸ்போக் போட்டுக் கட்டலாம். டயரில் மேக்சிஸ் டிடிஆர்-1, டன்லப் டிடி4 போன்றவை இதற்கென்றே செய்தவை. மேக்சிஸில் முன்னால் 27.0×7.0-19, பின்னால் 27.5×7.5-19 அளவு. முதல் எண் டயரின் மொத்த உயரம், அங்குலத்தில். முன்னால் 21 அங்குல ரிம்மில் இருந்த ஒல்லி டயரும் கிட்டத்தட்ட 27 அங்குலம்தான். ஆகவே முன்பக்க உயரம் பெரிதாக மாறாது, மண்ணைத் தொடும் அகலம்தான் கூடுகிறது. பின்பக்கம் சற்று உயரும், கியர் விகிதத்தில் அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முன் பிரேக் இல்லாததால் பின் டிரம்தான் வண்டியை நிறுத்த இருக்கும் ஒரே வழி. பிரேக் ஷூவைப் புதிதாகப் போடுங்கள்.

ஐந்தாம் படி: ஃபோர்க், ஹேண்டில்பார்

காட்டு வழிக்கான நீண்ட ஆட்டம் (சக்கரம் மேலும் கீழும் நகரும் தூரம்) இங்கே வேண்டாம். ஃபோர்க்குக்குள் இருக்கும் டேம்பர் ராடு என்ற தண்டில் ஸ்பேசர் போட்டு ஆட்டத்தை 4, 5 அங்குலத்துக்குக் குறைக்கலாம். வண்டி தாழும், திரும்பும். நல்ல ஃப்ளாட் டிராக் வண்டியில் ஃபோர்க்கின் சாய்வு 24 முதல் 26 டிகிரி, இரு அச்சுக்கும் இடையே 1370 முதல் 1420 மி.மீ. வரை இருக்கும். ஃபோர்க்கை, அதைப் பிடித்திருக்கும் கிளாம்பில் 10 மி.மீ. மேலே தள்ளினாலே வித்தியாசம் தெரியும். அப்படித் தள்ளிய பிறகு ஸ்ப்ரிங்கை எடுத்துவிட்டு ஃபோர்க்கை முழுக்க அழுத்திப் பாருங்கள். டயர் கீழ் கிளாம்பில் இடித்தால் அந்த அளவு கூடாது.

ஹேண்டில்பார் அகலமாக, முனைகள் பின்னோக்கி வளைந்ததாக இருக்கட்டும். இடது ஃபுட்ரெஸ்ட் மடியும் வகையாக, சாய்ந்தால் மண்ணில் குத்தாத உயரத்தில் இருக்க வேண்டும்.

ஆறாம் படி: எஞ்சின்

வால்வு இடைவெளி, பாயின்ட், இக்னிஷன் டைமிங், கார்புரேட்டர் சுத்தம். இவ்வளவே. டைமிங் முன்கூட்டியே இருந்தால் கிக்கர் திருப்பி உதைக்கும், பெரிய ஒற்றை சிலிண்டரில் கணுக்காலே போய்விடும். நெடுநாள் நின்றிருந்த வண்டியில் ஆயில் அளவைப் பார்த்த உடனே ஊற்றாதீர்கள். நாள்கணக்கில் நின்றால் சட்டத்தில் உள்ள ஆயில் எஞ்சினுக்குள் இறங்கிவிடும், அளவு குறைந்ததுபோலத் தெரியும். சில நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, அப்புறம் பாருங்கள்.

கியர் விகிதத்துக்குப் பின் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பற்சக்கரம்) பல்லை முன் ஸ்ப்ராக்கெட் பல்லால் வகுங்கள். 42-ஐ 16-ஆல் வகுத்தால் 2.63. முன்னால் ஒரு பல் குறைத்து 15 ஆக்கினால் 2.8, அதாவது பின்னால் ஏறக்குறைய 3 பல் கூட்டியதற்குச் சமம். சின்ன ஓடுபாதைக்கு எண் பெரிதாக, அரை மைலுக்குச் சிறிதாக. பின்னால் 2, 3 ஸ்ப்ராக்கெட் கையில் வைத்திருங்கள்.

ஏழாம் படி: பாதுகாப்பு

மணிக்கட்டில் கட்டிய கயிறு பிடுங்கினால் எஞ்சினை அணைக்கும் சுவிட்ச் அவசியம். கையை விட்டால் ஆக்ஸிலரேட்டர் தானாக மூட வேண்டும், ஹேண்டில்பாரை இரு கோடிக்கும் திருப்பி வைத்தும் சோதியுங்கள். ஆயில் வடிக்கும் போல்ட்டுகளின் தலையில் துளையிட்டு, இறுகும் திசையில் இழுக்கும்படி கம்பி கட்டுங்கள். லிவர் முனைகள் உருண்டையாக இருக்க வேண்டும். இடது பூட்ஸின் மேல் மாட்டும் இரும்பு ஷூவை உங்கள் பூட்ஸ் அளவுக்கே செய்து வாங்குங்கள், தளர்ந்த ஷூ மண்ணில் சிக்கிக் காலைப் பின்னால் இழுத்துவிடும்.

முதல் ஓட்டம்

பயிற்சி நாளில் ஓடுங்கள், பந்தயத்தில் அல்ல. மண் எப்படி என்று விசாரித்துக்கொண்டு போங்கள். லைமாவில் பொடிக்கல் மெத்தையாகக் கிடக்கும், சக்கரம் அதில் புதைந்து தள்ளிப் போகும். ஸ்ப்ரிங்ஃபீல்டில் களிமண் இறுகி, ஓடஓட ரப்பர் படிந்து கறுப்பாக ஒரு தடம் விழும், அதை விட்டு ஒரு முழம் விலகினால் பிடி குறையும். இரண்டுக்கும் ஒரே காற்றழுத்தம், ஒரே ஸ்ப்ராக்கெட் ஒத்துவராது.

சில சுற்று முடிந்ததும் வண்டியை நிறுத்தி ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். புதிதாகக் கட்டிய சக்கரம் முதல் ஓட்டத்தில் கட்டாயம் தளரும், மந்தமாக ஒலிப்பதை முறுக்குங்கள். செயினையும் கம்பி கட்டிய போல்ட்டுகளையும் பாருங்கள். பின் டயரின் இடப்பக்க விளிம்புதான் முதலில் தேயும், அது மழுங்கியதும் டயரைக் கழற்றித் திருப்பிப் போட்டால் மறு விளிம்பில் இன்னும் சில நாள் ஓடலாம்.