முதல் நாளே மீன் வேண்டாம்: கடலோரப் பிள்ளைகளுக்குக் கத்தரிக்கோல் பழக்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று இந்தக் கரையில் எந்தப் பால்வாடிக்குள் நுழைந்தாலும் சுவரில் மீனும் ஆமையும் இருக்கும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்குக் கத்தரிக்கோல் பழக்கக் கடலையே எடுத்துக்கொள்வது இங்கே யாருக்கும் தோன்றுகிற யோசனை. நல்ல யோசனையும்கூட. சிக்கல் செய்முறையில் இருக்கிறது. புதிதாகச் சேரும் டீச்சர்களும், வீட்டில் உட்கார்த்திச் சொல்லித்தரும் அம்மாக்களும், நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளை ஏறக்குறைய அதே வரிசையில் செய்கிறார்கள். கத்தரியோடு ஓடக் கூடாது, கூர்முனை ஆகாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடலாம்.

முதல் நாளே மீன்

இதைப் பார்த்தால்தான் இன்னமும் எரிச்சல் வருகிறது.

மீன் எளிய உருவம் என்று நினைக்கிறோம், ஏனென்றால் வரைவதற்கு எளிது. வெட்டுவதற்கு அது கடினமான உருவங்களில் ஒன்று. உடம்பின் இரண்டு பக்கமும் நீண்ட வளைவு. அந்த வளைவு வால் பக்கம் வந்ததும் உள்ளே ஒடுங்கி, சட்டென்று வெளியே விரிகிறது. அந்த இடுக்கில் கத்தரியை மிகச் சரியான புள்ளியில் நிறுத்த வேண்டும், வெளியே எடுக்க வேண்டும், வேறு பக்கத்திலிருந்து மறுபடி உள்ளே நுழைக்க வேண்டும். பாதி மூடிய கத்தரியை நிறுத்துவது, வளைவோடு போவது, மறு கையால் தாளைத் திருப்புவது ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் வேண்டும். மூன்று வயதுக் கைக்கு ஒன்றுகூட வந்திருக்காது. அந்த வயதில் பிள்ளை கத்தரியைத் திறந்தால் முழுதாகத் திறக்கும், மூடினால் நுனிவரை மூடும். அச்சடித்த மீன் படங்களில் வாலின் இடுக்கு ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும். மேலிருந்து ஒரு சென்டிமீட்டர் தாண்டி ஒரு வெட்டு, கீழிருந்து ஒரு சென்டிமீட்டர் தாண்டி இன்னொன்று. வால் தனியாகக் கீழே விழும்.

மண்டபம் பக்கத்துப் பால்வாடி ஒன்றில் இப்படித்தான் ஒரு பையனுக்கு வால் போய்விட்டது. "என்னடா, வால வெட்டிட்ட?" என்று டீச்சர் கேட்க, "வால வெட்டித்தான டீச்சர் கொழம்பு வைப்பாக?" என்றான். டீச்சரிடம் பதில் இல்லை. அவனாவது பேசத் தெரிந்தவன். மற்ற பிள்ளைகள் தாளைக் கசக்கிப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிடும்.

அடுத்து நடப்பதுதான் பெரிய நஷ்டம். டீச்சர் கத்தரியை வாங்கி, "இங்க பாரு, இப்படி" என்று மீதியைத் தானே வெட்டிக் கொடுக்கிறார். நேரம் இல்லை, இருபது பிள்ளைகள், மாலையில் பெற்றோர் வந்து பார்ப்பார்கள். சுவரில் இருபது மீனும் ஒரே அச்சாகத் தொங்கும். எல்லாவற்றிலும் விளிம்பு மழமழவென்று இருக்கும். நான்கு வயதுக் கை வெட்டிய விளிம்பு அப்படி இருக்காது, படிப்படியாக வெட்டு விழுந்து நண்டு கடித்த மாதிரி இருக்கும். பிள்ளை அன்றைக்குக் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: கஷ்டமான இடம் வந்தால் கத்தரியை நீட்டினால் போதும். இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால், நேர்கோடு வெட்டத் தெரிந்த பிறகும் பாதியில் நிறுத்திவிட்டு ஆள் தேடும்.

உருவத்தை முதலில் முடிவு செய்யாதீர்கள். எந்த வெட்டு பழக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, அந்த வெட்டில் கிடைக்கும் கடல் பொருளைத் தேடுங்கள். கடலில் பஞ்சமில்லை.

ஒரே வெட்டுக்கு நெத்திலி. 2 சென்டிமீட்டர் அகலப் பட்டை கொடுங்கள். கத்தரியை ஒருமுறை மூடினால் ஒரு துண்டு விழ வேண்டும். விழுவதெல்லாம் நெத்திலி, பக்கத்தில் ஒரு தட்டு. கோடு வேண்டாம். பட்டை 3 சென்டிமீட்டரைத் தாண்டினால் இரண்டாவது முறை திறந்து மூட வேண்டிவரும், அது வேறு பாடம்.

பாதியில் நிறுத்திப் பழகச் சொறியும் (ஜெல்லிமீன்) பாசியும். உள்ளங்கை அகலத் தாளில் மேலே 2 சென்டிமீட்டர் விட்டு ஒரு தடித்த கோடு. கீழிருந்து அந்தக் கோடுவரை வெட்டி நிறுத்தினால் சொறியின் தொங்கல்கள் வந்துவிடும். கோட்டைத் தாண்டினால் ஒரு தொங்கல் போகும், அவ்வளவுதான், படம் கெடாது. கவிழ்த்துப் பிடித்தால் மரிக்கொழுந்துப் பாசி. பாசி எடுக்கப் போகும் அம்மாக்களின் பிள்ளைகள் இதற்குப் பெயரை நாம் சொல்லுமுன் சொல்லிவிடும்.

அடுத்து நேர்கோடு. செவ்வகத் தாளின் கீழ் மூலைகள் இரண்டையும் சாய்வாக வெட்டினால் வத்தைப் படகு. சதுரத்தை மூலைக்கு மூலை ஒரே வெட்டாக வெட்டினால் முக்கோணம், அதில் ஒரு நூலை ஒட்டினால் திருக்கை. பிறகு அகலமான அலை வளைவு. அதன் பிறகு 10, 12 சென்டிமீட்டர் வட்டம், அது ஆமை ஓடு. சிறிய வட்டம்தான் கடினம், பெரியது எளிது. இதிலும் பலர் தலைகீழாகப் போகிறார்கள்.

மீன் இல்லாமல் தீராது என்றால் இரண்டு வெட்டில் ஒரு மீன் உண்டு. வட்டத்தை நீங்களே வெட்டிக் கொடுங்கள். விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வரும் இரண்டு நேர்கோடுகள், முழுப் பூசணியிலிருந்து ஒரு கீற்று எடுப்பதுபோல. பிள்ளை வெட்டி எடுத்ததும் அந்த இடம் வாய், எடுத்த கீற்றைப் பின்னால் ஒட்டினால் வால். இரண்டு வெட்டும் சந்திக்காமல் போவதுதான் இங்கே வரும் தொல்லை. சந்திக்கும் இடத்தில் பட்டாணி அளவுக்குக் கறுப்புப் புள்ளி வைத்துவிடுங்கள், அதை நோக்கிப் போகும். கொஞ்சம் தாண்டினாலும் மீன் மீனாகவே இருக்கும். ஒடுங்கிய வாலோடு முழு மீனுக்கு ஐந்தரை வயதுவரை பொறுங்கள்.

வெட்டாத கத்தரி

பாதுகாப்பு என்று முழுப் பிளாஸ்டிக் கத்தரி வாங்குகிறார்கள். அது மாவு உருண்டையை வெட்டும், தாளை மென்று துப்பும். தாள் இரண்டு பிளேடுக்கும் நடுவே மடிந்து மாட்டிக்கொள்ளும், பிள்ளை மணிக்கட்டை முறுக்கி இழுத்துக் கிழிக்கும். நாலு நாளில் அந்த முறுக்கல் பழக்கமாகிவிடும், பிறகு நல்ல கத்தரி கொடுத்தாலும் முறுக்கும். 12, 13 சென்டிமீட்டர் நீளம், மொட்டை முனை, உலோகப் பிளேடு: இதுதான் வேண்டும். கடையிலேயே செய்தித்தாள் துண்டு ஒன்றை நுனியால் வெட்டிப் பாருங்கள். மடிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

மெல்லிய தாள்

நோட்டுத் தாள் பிடிக்கும்போதே தொங்கும். தொங்குகிற தாளைப் பெரியவர்களுக்கே வெட்ட வராது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைதான் எங்கள் தேர்வு: விறைப்பாக நிற்கும், வெட்டும்போது 'கறுக்' என்று சத்தம் வரும், காசும் இல்லை. இரண்டாக ஒட்டிய கெட்டி அட்டையைத் தவிர்க்கவும், பிஞ்சுக் கைக்கு அழுத்தம் போதாது. மழை மாதங்களில் சார்ட் தாள் ஈரக்காற்றில் துவண்டுவிடும், மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள்.

பனங்குருத்தோலையும் நல்லது, ஈர்க்கை நீக்கிய கீற்றாக. குறுக்கே மட்டும் வெட்டவிடுங்கள். நெடுக்கே கத்தரி வைத்தால் ஓலை நரம்பு வாக்கில் தானாகக் கிழிந்துகொண்டு போகும், பிள்ளை வெட்டியதாக நினைத்துக்கொள்ளும்.

கட்டைவிரல் தரையைப் பார்ப்பது

முழங்கை விலாவை விட்டு இறக்கை மாதிரி விரிந்தால் கட்டைவிரல் கீழே போய்விடும். "கையைச் சரியாப் பிடி" என்று நூறு தடவை சொல்லிப் பயனில்லை. அக்குளில் ஒரு மடித்த கைக்குட்டையை இடுக்கிக்கொள்ளச் சொல்லுங்கள், விழாமல் வெட்ட வேண்டும். அதுவும் சரிவராவிட்டால், பட்டையின் மேல் நுனியைப் பிள்ளையின் கண் உயரத்தில் சுவரில் ஒட்டித் தொங்கவிட்டு, கீழிருந்து மேலாக வெட்டவிடுங்கள். அப்படி வெட்டும்போது கட்டைவிரல் தானாக மேலே வந்துவிடும்.

தாள் பிடிக்கும் கையையும் பாருங்கள். அதிலும் கட்டைவிரல் மேலேதான். வட்டம் வெட்டும்போது நகர வேண்டியது அந்தக் கை, கத்தரி எப்போதும் நெஞ்சுக்கு நேராக முன்னே பார்க்கட்டும். தரையில் சம்மணமிட்டு உட்காரும் இடங்களில் தாளைத் தரையில் பரப்பி வெட்டவிடாதீர்கள், அந்தரத்தில் பிடிக்கட்டும்.

பீச்சாங்கை

இடக்கைப் பிள்ளையிடம் சாதாரணக் கத்தரியைக் கொடுத்துவிட்டு "கைக்கு வசமில்ல" என்கிறோம். வலக்கையில் விரல்கள் இறுகும்போது இரண்டு பிளேடும் ஒன்றோடொன்று நெருங்கும். அதே கத்தரி இடக்கையில் இறுகினால் பிளேடுகள் விலகும், தாள் நடுவே மடியும். போதாக்குறைக்கு மேல் பிளேடு கோட்டை மறைத்துக்கொள்ளும். கைப்பிடி இரண்டு கைக்கும் பொது என்று விற்பதை நம்ப வேண்டாம். நுனி எதிர்ப்பக்கம் பார்க்கப் பிடித்தால் மேல் பிளேடு இடப்பக்கம் இருக்க வேண்டும், அதுதான் இடக்கைக் கத்தரி. வட்டத்தில் வலக்கைப் பிள்ளை கடிகாரத்துக்கு எதிராகவும், இடக்கைப் பிள்ளை கடிகாரம் சுற்றும் பக்கமாகவும் வெட்டும். தாளில் அம்புக்குறி போடும்போது எல்லாருக்கும் ஒரே பக்கம் போட்டுவிடாதீர்கள்.

கிளிட்டர்

வேண்டாம். கூட்டினாலும் போகாது, கடைசியில் கடலுக்குத்தான் போகும்.

தொட்டுப் பார்க்க எதையும் கொண்டுவருவது

வெட்டுமுன் தொட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். சொறியின் தொங்கல் வெட்டப்போகும் பிள்ளை, கரையில் ஒதுங்கிய கஞ்சிப் பாசியை ஒரு தட்டில் தண்ணீரில் அளைந்து பார்த்தால், "தொங்கும்" என்பது கையில் பதியும். கணவாய் ஓட்டை நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும், அதற்காகவே பிள்ளைகள் வரிசையில் நிற்கும். சந்தையில் வாங்கிய முழுச் சாளை ஒன்று போதும், வால் எங்கே ஒடுங்குகிறது என்று விரலால் தடவிப் பார்க்க.

ஆனால் பவளத் துண்டு, காய்ந்த கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவற்றை ஆசையாக எடுத்துவருகிறார்கள், பெற்றோரும் கொடுத்தனுப்புகிறார்கள். இவை 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன, சில வகைச் சங்குகளும் சேர்த்து. வைத்திருப்பதே குற்றம். நம் கரைக்கு எதிரே உள்ள 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. உயிருள்ள எதையும் வாளியில் போட்டு வகுப்புக்குக் கொண்டுவருவதும் வேண்டாம். வெயிலில் வாளித் தண்ணீர் சூடேறி, மத்தியானத்துக்குள் பிள்ளைகள் முன்னாலேயே செத்துப்போகும்.

ஃபேன்

நிறுத்துங்கள். கச்சான் (மேல்காற்று) அடிக்கிற மாதங்களில் ஜன்னலையும் சாத்துங்கள்.

உப்புக்காற்று

கத்தரிகளை டப்பாவில் போட்டு முழுப் பரீட்சை விடுமுறைக்கு மூடிவைத்தால், ஜூனில் திறக்கும்போது நடு ஆணி துருப்பிடித்து இறுகியிருக்கும். பெரியவர் கைக்கு அது தெரியாது, பிள்ளை இரண்டு கையாலும் பிடித்துத் திறக்கும்போதுதான் தெரியும். வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்து, ஆணியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். மிஞ்சியதை ஒற்றி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த நாள் முதல் நெத்திலி எல்லாம் எண்ணெயில் பொரித்த நெத்திலியாகத்தான் விழும்.